கழுத்துவரை தண்ணீர்

கலத்தின் உச்சிக் குழாயிலிருந்து நுரை மறுபடியும் பொங்கி வழிந்தது. இரும்பு மேடையில் பரவி, படிகளில் இறங்கி, கீழே நின்ற நாத்தனாரின் காலணியை நனைத்தது. அவள் மோட்டாரை நிறுத்திவிட்டு, மேடையில் நின்றவளை அண்ணாந்து பார்த்தாள்.

"அண்ணி, உங்க சோப்புத் தண்ணி என்னைக் குளிப்பாட்டாம விடாது போலிருக்கு."

தொழிற்சாலை முழுக்க அவர்களுக்கு அந்தப் பெயர்கள்தான். மாடி ஆய்வகத்தில் வேதியியலாளராக இருப்பவள் அண்ணி. அவள் கண்ணாடிக் குடுவையில் செய்ததைக் கீழே ஆளுயரக் கலத்தில் செய்துகாட்ட வேண்டிய பொறியாளர், அவள் கணவரின் தங்கை.

"வீட்டுலதான் நாத்தனார் தொல்லைன்னு நினைச்சேன்" என்று துடைப்பானை எடுத்தாள் அண்ணி. வாய்தான் கேலி பேசியது, முகம் வாடியிருந்தது.

அவர்கள் செய்வது, இலைகளைக் கருக வைக்கும் பூஞ்சைக்கு எதிரான மருந்து. இரண்டு மூலப்பொருள்களை ஒன்றோடொன்று இணைத்தால் மருந்து தயார். இரண்டுமே எண்ணெய்ப் பசை உள்ளவை, தண்ணீரில் கரையாதவை. அதனால் இதுவரை அவற்றைக் கரைக்க ஒரு கரைப்பான் திரவத்தை ஊற்றினார்கள். மருந்து ஒரு பங்கு என்றால் கரைப்பான் இருபது பங்கு. வேலை முடிந்ததும் அதைக் காய்ச்சிப் பிரிக்க வேண்டும், மிச்சத்தை எரிக்க வேண்டும், அதன் ஆவியைச் சுவாசிக்காமல் இருக்க முகமூடி மாட்ட வேண்டும்.

அண்ணியின் வழியில் கரைப்பானே கிடையாது. தண்ணீர், அதில் சிட்டிகையளவு சோப்பு. சோப்பின் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் ஒரு தலை, ஒரு வால். தலைக்குத் தண்ணீர் பிடிக்கும், வாலுக்கு ஆகாது. எனவே வால்கள் உள்ளே ஒளிந்துகொள்ள, தலைகள் வெளியே வேலி போல நின்று, கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன அறைகள் உருவாகின்றன. எண்ணெய்ப் பசை உள்ள இரண்டு பொருள்களும் ஒதுங்க இடம் தேடி அந்த அறைகளுக்குள் நுழைகின்றன. நெருக்கடியான அறையில் இருவர் முட்டிக்கொள்ளாமல் இருக்க முடியுமா? இணைந்துவிடுகின்றன. சூடுகூட வேண்டாம். மருந்து வெள்ளைப் பொடியாகப் பிரிந்துவிடும், வடிகட்டினால் போதும். அதே தண்ணீரில் அடுத்த முறையும் செய்யலாம்.

குடுவையில் அது பிசகியதே இல்லை. கலத்தில்தான் இந்த நுரை. கலக்கியின் வேகத்தைக் குறைத்தால் மூலப்பொருள் அடியில் கட்டியாகத் தங்கியது. நுரையடக்கி எண்ணெய் ஊற்றிப் பார்த்தார்கள். கூப்பிடாமல் வந்த விருந்தாளி மாதிரி அது எல்லா அறைகளையும் பிடித்துக்கொண்டது, மருந்து பாதிகூட உருவாகவில்லை.

மேலாளர் படி ஏறி வந்து ஈரத்தைப் பார்த்தார்.

"இந்த மருந்துக்குன்னு கட்டப்போற புதுக்கூடத்துக்கு நாளைக்குத் தொட்டி ஆர்டர் குடுக்கணும்மா. கரைப்பான் தொட்டியா, தண்ணித் தொட்டியா? எனக்கும் ஆசைதான். ஆனா இன்னிக்கு ஒரு தடவையாவது ஒழுங்கா ஓடணும். இல்லன்னா பழைய வழிதான்."

பழைய வழியில் கட்டினால், கட்டிய கூடம் தேய்கிறவரை கரைப்பான்தான். அண்ணி மூன்று வருடமாகச் செய்த வேலை அலமாரிக்குப் போய்விடும்.

சாப்பாட்டு இடைவேளையில் இருவரும் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

"உங்க குடுவையில மட்டும் ஏன் அண்ணி நுரை வரல?"

"கொஞ்சம் வரும். மேல வளையம் மாதிரி நிக்கும், அவ்வளவுதான்."

"எவ்வளவு ஊத்துவீங்க?"

"கழுத்து வரைக்கும். இருக்கறதே சின்னக் குடுவை. அதுலயே சாம்பிளும் எடுக்கணுமில்ல?"

நாத்தனார் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நாங்க முக்கால்கூட ஊத்தறதில்ல. மூணுல ஒரு பங்கைக் காலியா விடுவோம்."

"ஏன்?"

"ஏன்னா... அப்படித்தான் விடுவோம். கொதிக்கும்போது பொங்கி மேல வரக் கூடாதுல்ல."

"இது எங்கடி கொதிக்குது? கையை வெச்சா வெதுவெதுன்னுகூட இருக்காது."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கொதிக்கும் கரைப்பானுக்காக விட்ட இடம் அது. கரைப்பான் போன பிறகும் யாருக்கும் அதை நிரப்பத் தோன்றவில்லை. நுரை என்பது சோப்புத் தண்ணீரில் மாட்டிக்கொண்ட காற்று. கலக்கி சுழலும்போது நடுவில் குழி விழும். கலக்கிக்கு மேலே தண்ணீர் குறைவாக இருந்தால் குழி அதன் தகடுகளைத் தொட்டு, காலியிடத்துக் காற்றை உள்ளே இழுத்து அடித்துவிடும். மேலே தண்ணீர் ஆழமாக நின்றால் குழி அங்கே எட்டாது.

பாதுகாப்பு அதிகாரியைக் கேட்காமல் ஊற்ற முடியாது. அவருக்கு ஊழியர்கள் வைத்த பெயர் 'வேண்டாம் சார்'. அவர் விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வாயு ஏதாவது வெளிவருமா?"

"இல்ல சார்."

"சூடு?"

"ரெண்டும் இணையறப்ப வர்ற சூடு முழுசும் ஒரே நேரத்துல வந்தாலும் குளிக்கற தண்ணி அளவுக்குத்தான் வரும் சார். அளந்து வெச்சிருக்கேன்" என்றாள் அண்ணி.

"கழுத்து வரைக்கும் வேண்டாம்" என்றார் அவர். நாத்தனார் பெருமூச்சு விட்டாள். "பத்துல ஒரு பங்கு காலியா இருக்கட்டும். இந்தச் சரக்குக்கு மட்டும். நானும் பக்கத்துல நிப்பேன்."

"நனைஞ்சிடுவீங்க சார்."

"துண்டு எடுத்துட்டு வரேன்."

தண்ணீர், சோப்பு, மூலப்பொருள்கள் எல்லாவற்றையும் அதே விகிதத்தில் கூட்டி நிரப்பினார்கள். மோட்டார் சுழன்றது. மூவரும் கலத்தின் கண்ணாடிச் சாளரத்தில் மாறி மாறி முகம் வைத்துப் பார்த்தார்கள். மேலே ஆழமில்லாத ஒரு குழி விழுந்தது. ஓரத்தில் விரல் தடிமனுக்கு நுரை கட்டி, அங்கேயே நின்றது.

நாத்தனார் வேகத்தைக் கூட்டினாள். நுரை ஏறவில்லை. மாலைக்குள் தண்ணீர் பால்போல வெளுத்துவிட்டது. அண்ணி ஒரு சொட்டை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினாள். இறங்கி வரும்போது ஓடவில்லை. ஒவ்வொரு படியாக, கைப்பிடியைத் தடவிக்கொண்டு வந்தாள்.

"மூலப்பொருள் மிச்சமே இல்ல. எல்லாம் மருந்தாயிடுச்சு."

"இதைச் சொல்ல இவ்வளவு மெதுவா வரணுமா? எனக்கு உயிரே போயிடுச்சு."

"மாடியிலயே கொஞ்சம் அழுதுட்டு வந்தேன்."

மேலாளர் புதுக்கூடத்தின் வரைபடத்தை மேசையில் விரித்தார். கரைப்பான் தொட்டி நின்ற கட்டத்தைப் பென்சிலால் அடித்துவிட்டு, தண்ணீர்த் தொட்டி என்று எழுதினார். ஆவி உறிஞ்சும் பெரிய குழாயும் இனி தேவையில்லை. வரைபடத்தில் அது போக வேண்டிய சுவர் வெறுமையாக நின்றது.

"இங்க என்ன பண்றது?"

அண்ணி பென்சிலை வாங்கி, அந்தச் சுவரில் ஒரு ஜன்னல் வரைந்தாள். நாத்தனார் பக்கத்திலேயே இன்னொன்று வரைந்தாள்.