ஊருக்கொரு குடை

கல்முனைச் சந்தியிலுள்ள வானிலைப் பலகையில் பத்துக் குடைகள் வரிசையாகக் கீறப்பட்டிருந்தன. ஆறு நீலம், நாலு வெள்ளை. மழைக்குப் பத்தில் ஆறு பங்கு வாய்ப்பு என்பது கீறியவரின் நினைப்பு.

என் அக்கா, அஸ்மியா ராத்தா, வேறு விதமாக எண்ணியிருக்கிறார். தெற்கே பொத்துவிலில் தொடங்கி ஊருக்கொரு குடை. அவருடைய ஊரான மாவடிப்பள்ளிக்கு எட்டாவது குடை விழுந்தது. வெள்ளை. மழையில்லை என்று நம்பி, மெசினில் வெட்டிய பச்சை நெல்லில் பாதியை வீதியோரம் தார்ப்பாய்ப் படங்கு விரித்துக் காயப்போட்டார். நண்பகல் லுஹர் தொழுகைக்கு முன் கொட்டிய மழையில் அத்தனையும் மிதந்தது.

மூன்றாம் நாள் முளைத்த நெல்லைப் பையில் அள்ளிக்கொண்டு, சந்தியிலுள்ள என் புடவைக்கடையில் இருந்த என்னையும் இழுத்துக்கொண்டு, பலகை கீறும் அதிகாரி சுஜிந்தனின் கந்தோருக்குப் போனார்.

“அக்கா, அது ஊர்க்கணக்கில்ல. இப்பிடி வானம் இருக்கிற பத்து நாளில ஆறு நாள் பெய்யும். பலகையில கீழ எழுதியிருக்கே.”

எழுதித்தான் இருந்தது, எறும்பு வாசிக்கும் அளவில்.

“தம்பி,” என்றேன், “என்ட கடைக் கண்ணாடிக்குள்ள பத்துச் சாரி தொங்குது. அத நாளுக்கொரு சாரி எண்டு யாரும் நினைப்பாங்களா?”

“சனத்துக்கு விளங்காட்டி நாங்க…”

ராத்தா பையை அவருடைய மேசையில் கவிழ்த்தார். “மணந்து பாருங்க. அடுத்த வெட்டு வரைக்கும் என்ட பிள்ளைகள்ற சோறு இது. மத்தப் பாதி காயாம மூட்டைக்குள்ள சூடேறுது. நாளைக்கு விரிக்கவா, வேணாமா?”

“நாளைக்கும் ஆறு நீலம்தான். உறுதியாச் சொல்ல ஏலா.”

“உறுதி யாரு கேட்ட? உங்கட அம்மாட நெல்லெண்டா விரிப்பீங்களா?”

சுஜிந்தன் மேசையில் கிடந்த நெல்லை அள்ளி மணந்தார். “விரிக்க மாட்டன்.”

“அதக் கீறுங்க.”

மறுநாள் பலகையில் ஆறு நீலக் குடைகளோடு படங்கு மூடிய நெற்குவியல். கீழே: ‘பத்தில் நாலு தடவை இது பிழைக்கும்; மழை பெய்யாது.’

அன்று ஒரு துளி விழவில்லை. பின்னேரம் நெல் வியாபாரி கச்சிமுகம்மது காக்கா பலகைக்கு முன் நின்று ஏசினார். “பொய்யக் கீறி ஒரு நாள் வெயிலக் கெடுத்துட்டானுகள்.”

ராத்தா என் கடைப்படியில் இருந்து இறங்கினார். “எனக்கும் போச்சு, காக்கா. ஆனா பிழைக்கும் எண்டு சொல்லிட்டுத்தான் பிழைச்சிருக்கு. வாசிக்காம நிண்டு கத்தாதீங்க.”

சுஜிந்தன் தலை நிமிராமல் நாளைக்குரியதைக் கீறிக்கொண்டிருந்தார். நீலம் இரண்டுதான். விரித்த நெல், பக்கத்தில் மடித்த படங்கு.

ராத்தா பஸ்ஸுக்கு நடந்தார். போகிற போக்கில் சுஜிந்தனுக்கும் ஓர் ஏச்சு விழுந்தது.

“எழுத்து இன்னும் சின்னன், தம்பி.”