ஒரே பலகையில் நின்றவர்கள்

கம்பிக்காரரும் அவருடைய கூட்டாளியும் ஒரே பலகையில் நின்றுதான் வேலை பார்த்தார்கள், ஒரே பலகையிலிருந்துதான் விழுந்தார்கள். சாரத்தோடு சேர்த்துக் கட்டியிருக்க வேண்டிய பலகை அது. யாரும் கட்டவில்லை. கட்டச் சொல்லி இரண்டு பேரும் மேஸ்திரியிடம் முட்டிக்கொண்டது அந்த வேலைத்தளத்துக்கே தெரியும். கூட்டாளி ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே போய்விட்டான். கம்பிக்காரர் சாயங்காலம் வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தார், அதற்குமேல் முடியவில்லை.

அவர் மனைவியை அவர் மகராசி என்றுதான் கூப்பிடுவார். கோபத்திலும் அதே பெயர், கொஞ்சலிலும் அதே பெயர். விமானத்துக்குச் சாப்பாடு கட்டி அனுப்புகிற ஒரு பெரிய சமையற்கூடத்தில் அவளுக்கு வேலை. தட்டில் கரண்டி, கைத்துடைப்பான், மூடி போட்ட கிண்ணம் என்று வரிசையாக அடுக்க வேண்டும். கூடம் எப்போதும் ஐஸ் பெட்டி மாதிரி இருக்கும். விஷயம் கேட்டு அங்கிருந்து அப்படியே ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தாள். தலையில் வலைத்தொப்பி இருந்தது. அதைக் கழற்ற வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை, சொல்லவும் பக்கத்தில் ஆளில்லை.

எதிர் வரிசையில் கூட்டாளியின் மனைவி. அவளைச் சுற்றி நிற்க இடம் போதவில்லை. பெண்கள் அவளை மடியில் சாய்த்துக்கொண்டார்கள். ஒருத்தி தண்ணீர் கொடுத்தாள், ஒருத்தி முதுகைத் தடவினாள், ஒருத்தி கடைக்குட்டிப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். ஆண்கள் சுவரோரமாக நின்றார்கள். பாதிப் பேர் சிமென்ட் பூசிய சட்டையோடு வேலையைப் போட்டுவிட்டு வந்திருந்தார்கள். நர்ஸ் வந்து இத்தனை பேர் நிற்கக்கூடாது என்று சொன்னாள். ஒருத்தரும் அசையவில்லை.

மகராசி கையில் போனை வைத்துக்கொண்டு யாரைக் கூப்பிடுவது என்று யோசித்தாள்.

அந்த வெளிநாட்டு ஊரில் நம் ஆட்கள் இல்லாமலில்லை. நிறையவே இருந்தார்கள். படிக்க வந்து, வேலை கிடைத்து, அப்படியே தங்கிவிட்டவர்கள். இன்ஜினியர், டாக்டர், பேங்க் மேனேஜர். ஊருக்கு வெளியே புல்வெளி வைத்த வீடுகள், வீட்டுக்கு இரண்டு கார். சங்கத்துக்குச் சொந்தக் கட்டடம் உண்டு, அதில் குளிர்சாதனம் உண்டு. ஏஜென்ட் பிடித்துக் கூலி வேலைக்கு வந்த கம்பிக்காரர் மாதிரி ஆட்கள் ஏதோ பத்திருபது பேர், மூலைக்கு ஒருவராகக் கிடந்தார்கள். கம்பிக்காரர் ஒருமுறை சங்கத்துக் கூட்டத்துக்குப் போனபோது ஒருத்தர் கை குலுக்கி, "சார் எந்த கம்பெனி?" என்று கேட்டார். "கட்டடக் கம்பெனிங்க." "ஓ, ப்ராஜெக்ட் மேனேஜரா?" "இல்லீங்க, கம்பி கட்டுறேன்." அந்த மனிதருக்கு உடனே காபி ஞாபகம் வந்துவிட்டதாம். எடுத்து வரப் போனவர் திரும்பி வரவேயில்லையாம். கம்பிக்காரர் இதை எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பார். "இன்னும் அந்தக் காபி வரும்னு உட்கார்ந்திருக்கேன்டி மகராசி" என்பார். ஆனால் அதன்பிறகு அவர் சங்கத்துப் பக்கம் தலை வைத்துப் படுக்கவில்லை.

கூட்டாளியின் ஆட்கள் வேறு நாட்டுக்காரர்கள். சண்டையில் வீடு வாசல் போய், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர்கள். ரயில் நிலையத்துக்குப் பின்னால் மூன்று தெருக்கள் முழுக்க அவர்கள்தான். அதனால் கம்பிக்காரர் அவர்களுக்கு 'மூணு தெருக்காரங்க' என்று பெயர் வைத்திருந்தார். அவர்களில் பெரிய படிப்புப் படித்தவன் ஒருத்தனும் கிடையாது. ஒரு வீட்டில் மூன்று குடும்பம். பையன்களுக்கு மீசை முளைப்பதற்குள் வேலைத்தளத்துக்குக் கூட்டி வந்துவிடுவார்கள். குடியிருக்கிற அனுமதியும் வருஷா வருஷம் தொங்கலில்தான். ஆனாலும் கம்பிக்காரருக்கு அவர்கள்மேல் ஒரு பொறாமை. "அவனுங்கள்ல ஒருத்தன் தும்மினா நாலு பேரு கைக்குட்டை நீட்டுறான். நாம தும்மினா நம்மாளு டாக்டர் நம்பர் குடுப்பான்" என்பார்.

கடைசியில் மகராசி ஆடிட்டர் கொழுந்தனைத்தான் கூப்பிட்டாள். கம்பிக்காரரின் சித்தி மகன். நல்ல பிள்ளை. கோட்டு சூட்டோடு ஓடி வந்தான். டாக்டரிடம் அந்த ஊர் பாஷையில் சரளமாகப் பேசினான், வேண்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டான், எதிலும் குறை வைக்கவில்லை. எல்லாம் முடிந்ததும் வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்த்தான்.

"அண்ணி, நாளைக்குப் பெரியவனுக்குப் பரீட்சை. நான் கிளம்பவா? எது வேணும்னாலும் தயங்காம கூப்பிடுங்க."

"சரிப்பா" என்றாள்.

எது வேண்டும் என்று அவளுக்கே தெரியவில்லை. டயர் கடைக்கு மேலே இருந்த இரண்டு அறை வீட்டுக்குப் போய், பள்ளிக்கூடம் விட்டு வந்து தனியாக உட்கார்ந்திருந்த மகளிடம் எப்படிச் சொல்வது என்று அவளுக்கு யாராவது சொல்லியிருக்கலாம்.

கூட்டாளியை அடக்கம் செய்த அன்று மூன்று தெருவிலும் ஒரு கடை திறக்கவில்லை. அன்றைக்கே மத்தியானம் கம்பிக்காரருக்கு மின்மயானத்தில் நேரம் கொடுத்திருந்தார்கள். நம் பக்கத்தில் ஆடிட்டர் கொழுந்தன், அவன் மனைவி, சங்கத்தின் சார்பில் மாலையோடு ஒருத்தர். வேலை நாள் என்பதால் மற்றவர்கள் போனில் துக்கம் கேட்டார்கள். வண்டியிலிருந்து பெட்டியை இறக்க ஆள் போதாமல் கொழுந்தன் முழித்துக்கொண்டு நின்றபோது மூணு தெருக்காரர்கள் வந்து இறங்கினார்கள். தங்கள் ஆளைப் புதைத்த கையோடு வந்திருந்தார்கள், செருப்பில் ஈரமண் காயவில்லை. பெட்டிக்குத் தோள் கொடுத்தார்கள். கம்பிக்காரரைக் கடைசியாகச் சுமந்தவர்கள் அவர்கள்தான்.

துக்கம் கொஞ்சம் அடங்கியதும் மகராசி கூட்டாளியின் மனைவியைப் பார்க்கப் போனாள். வயதில் சின்னவள். இவள் அவளைத் தங்கச்சி என்றே கூப்பிட்டுப் பழகியிருந்தாள். அவளும் அந்தச் சொல்லைத் தன் பெயர் மாதிரியே ஏற்றுக்கொண்டிருந்தாள். இரண்டு பேருக்கும் அந்த ஊர் பாஷை அரைகுறை. அந்த அரைகுறையிலேயே எல்லாம் பேசுவார்கள்.

வீடு நிறையப் பெண்கள். அடுப்பில் பெரிய பாத்திரம் கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு வயதான பெண் தங்கச்சிக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் குளித்து, சாப்பிட்டு, பளிச்சென்று இருந்தார்கள். மகராசிக்குத் தன் மகள் அன்று காலையில் பிஸ்கட்டைத் தின்றுவிட்டுப் பள்ளிக்கூடம் போனது ஞாபகம் வந்தது.

"நீ குடுத்து வச்சவ தங்கச்சி. உனக்கு ஒரு ஊரே இருக்கு. எனக்கு நாலு சுவருதான்" என்றாள்.

தங்கச்சி தன் தலை வாருகிற கையைப் பார்த்தாள், பிறகு இவளைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அன்றைக்கு மகராசிக்கு அர்த்தம் புரியவில்லை.

இதற்கிடையில் ஆடிட்டர் கொழுந்தன் ஒரு வக்கீலைப் பிடித்துக் கொடுத்தான். வக்கீலம்மா முழுக்கதையையும் கேட்டுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். பலகை கட்டவில்லை, சொல்லியும் கட்டவில்லை என்று கூட வேலை பார்த்தவர்கள் சாட்சி சொன்னால் போதும், காண்ட்ராக்டர் தப்ப முடியாது, இரண்டு குடும்பமும் சேர்ந்து வழக்குப் போடுங்கள் என்றாள். கூட வேலை பார்த்தவர்கள் அத்தனை பேரும் மூணு தெருக்காரர்கள். மகராசிக்கு அன்றைக்குத்தான் கொஞ்சம் தெம்பு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவள் துணி மூட்டையோடு காசு போட்டுத் துவைக்கிற கடைக்குப் போனாள். தங்கச்சியும் அங்கேதான் வருவாள். அன்றைக்கு அவளோடு கூட வந்த அவள் ஓரகத்தி ஏதோ வாங்கப் போயிருந்தாள். மெஷின்கள் கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தன.

"வக்கீல் சொல்றாங்க, நாம ஜெயிச்சிடலாம்னு. நீயும் வந்து ஒரு கையெழுத்துப் போடு தங்கச்சி."

தங்கச்சி காய்ந்த துணியை மடியில் வைத்து நீவிக்கொண்டே இருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "முடிஞ்சு போச்சுக்கா."

"எது முடிஞ்சுது?"

"எங்க பெரியவங்க காண்ட்ராக்டரோட பேசி முடிச்சிட்டாங்க. ஏதோ குடுத்தாராம், வாங்கிட்டாங்க. எங்க ஆளுங்க பாதிப் பேருக்கு அவர்கிட்டதான் வேலை. கேஸுன்னு போனா எல்லாரையும் நிறுத்திடுவாரு. அனுமதி புதுப்பிக்கிறதுக்கு வேலை இருக்குன்னு காட்டணும். ஒருத்தனுக்காக மூணு தெருவும் பட்டினி கிடக்க முடியுமான்னு கேட்டாங்க."

"உன்கிட்ட கேட்டாங்களா?"

"பக்கத்து ரூம்ல பேசிக்கிட்டாங்க. நான் டீ கொண்டுபோய் வச்சேன்."

தங்கச்சி மேலும் சொன்னாள், குரல் ஏறாமல், யாரோ ஒருத்தியைப் பற்றிச் சொல்கிற மாதிரி. பிள்ளைகள் மூன்று பேரையும் ஒரே வீட்டில் வைத்துக்கொள்ள யாருக்கும் வசதியில்லை. அதனால் பெரியவன் ஒரு மாமா வீட்டில், நடுவிலவள் ஓரகத்தி வீட்டில். கைப்பிள்ளையோடு தங்கச்சியை வேறு ஊரில் இருக்கிற சித்தப்பா வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அங்கே வீட்டு வேலைக்கு ஒரு கை வேண்டுமாம்.

"நான் வேலைக்குப் போறேன், என் பிள்ளைங்களை நானே பார்த்துக்கிறேன்னு சொன்னேன். நாங்க உயிரோட இருக்கும்போது நீ எதுக்கு வேலைக்குப் போகணும்னு கேட்டு அழறாங்கக்கா. நிஜமாவே அழறாங்க. அவங்க கெட்டவங்க இல்ல. கெட்டவங்களா இருந்தா நான் சண்டை போட்டிருப்பேன்."

"என்கூட வந்துடு" என்றாள் மகராசி. யோசித்துச் சொன்னதில்லை, வாயிலிருந்து விழுந்துவிட்டது. "மூணையும் கூட்டிட்டு வா. ரெண்டு ரூம் இருக்கு, நெருக்கிப் படுத்துக்கலாம். சூப்பர்வைசர்கிட்ட நான் சொல்றேன், எங்க கூடத்துல எப்பவும் ஆள் தேவைதான். யாரு என்ன கேட்டுடுவாங்க?"

தங்கச்சியின் முகம் ஒரு நிமிஷம் விரிந்தது. அந்த இரண்டு அறையில் யார் யார் எங்கே படுப்பது என்று அவள் கணக்குப் போடுவது மகராசிக்குத் தெரிந்தது. பிறகு முகம் அப்படியே சுருங்கிவிட்டது.

"உங்களைக் கேட்க யாரும் இல்லக்கா. நான் வந்தேன்னா என் பிள்ளைங்களுக்கு அப்புறம் மாமா கிடையாது, அத்தை கிடையாது, ஒண்ணும் கிடையாது. நாளைக்கு நானும் செத்தா?"

மகராசி தான் செத்தால் தன் மகள் யாரைக் கூப்பிடுவாள் என்று நினைத்துப் பார்த்தாள். கொழுந்தன் வருவான், நல்ல பிள்ளை, எல்லா இடத்திலும் கையெழுத்துப் போடுவான்.

ஓரகத்தி திரும்பி வந்துவிட்டாள். மகராசியும் தங்கச்சியும் பேச்சை விட்டுவிட்டுத் துணி மடிக்க ஆரம்பித்தார்கள்.

வழக்கைத் தனியாகவே போடுவது என்று மகராசி நின்றாள். அவளைத் தடுக்கவும் ஆளில்லை, தாங்கவும் ஆளில்லை. கணவனைத் தோளில் சுமந்தவர்களின் வீட்டுக் கதவை ஒவ்வொன்றாகத் தட்டினாள். உள்ளே கூப்பிட்டார்கள், உட்கார வைத்தார்கள், டீ கொடுத்தார்கள். பலகையைப் பற்றிக் கேட்டதும் தரையைப் பார்த்தார்கள். ஒருவன் மட்டும் வாசல்வரை வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "அக்கா, எனக்கு நாலு பிள்ளைங்க" என்றான். அவ்வளவுதான்.

சங்கத்துத் தலைவரிடமும் போனாள். அவர் காண்ட்ராக்டரின் கம்பெனி ஆட்களை நன்றாகத் தெரிந்தவர். ரொம்ப வருத்தப்பட்டார். "உங்க வீட்டுக்காரர் மாதிரி உழைப்பாளிங்களாலதான் இந்த ஊர்ல நம்ம ஜனத்துக்கு மரியாதை" என்றார். வீட்டுக்காரரின் பெயரைச் சொல்ல வந்து, ஞாபகம் வராமல், "அண்ணன்" என்று சமாளித்தார். வழக்கு, கோர்ட்டு என்றெல்லாம் இழுத்தால் நம் பெயர் பேப்பரில் அடிபடும் என்று பதமாகச் சொல்லிக் காபி வரவழைத்தார். அவள் குடிக்காமல் எழுந்து வந்தாள்.

வழக்கு கோர்ட்டில் எடுபடவில்லை. சாட்சியில்லாமல் வக்கீலம்மாவாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. காண்ட்ராக்டர் கொடுத்ததை வாங்கிக்கொள்ளும்படி ஆனது.

அது முடிந்த அடுத்த ஞாயிறு துவைக்கிற கடையில் தங்கச்சி இல்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. மகராசி மூன்று தெருவுக்கே போனாள். ஓரகத்தி கதவைத் திறந்தாள்.

"அவ போயிட்டாளே. ரெண்டு வாரத்துக்கு முன்னாடி எல்லாரும் போய் பஸ் ஏத்திவிட்டு வந்தோம். எவ்வளவு கூட்டம் தெரியுமா, வண்டியே கிளம்ப முடியல."

"விலாசம் இருக்கா? போன் நம்பர்?"

"அங்க செட்டிலானதும் அவளே பேசுவா" என்று சொல்லிவிட்டு, குடிக்க ஏதாவது எடுத்து வர உள்ளே போனாள்.

ஓரகத்தியின் பிள்ளைகளோடு தங்கச்சியின் நடுவிலவள் உட்கார்ந்திருந்தாள். நல்ல சட்டை, இறுக்கப் பின்னிய தலை. மகராசியைப் பார்த்ததும் எழுந்து வந்து பக்கத்தில் நின்றாள். அந்த ஊரிலேயே பிறந்த பிள்ளை, அந்த ஊர் பாஷை சுத்தமாக வந்தது.

"பெரியம்மா, அம்மாவைப் பார்க்கப் போறீங்களா?"

மகராசி என்ன சொல்வாள்? "ம்" என்றாள்.

"நான் அழறதில்லைன்னு சொல்லுங்க. நான் அழறேன்னு தெரிஞ்சா அவங்க சாப்பிட மாட்டாங்க."

"சொல்றேன்மா."

"தம்பி நடக்கிறானான்னு கேட்டுட்டு வாங்க."

"கேட்டுட்டு வரேன்."

பிள்ளை சமாதானமாகித் திரும்பிப் போய் மற்றவர்களோடு உட்கார்ந்துகொண்டாள். மகராசி ஓரகத்தி கொடுத்ததைக் குடித்தாள். குடிக்காமல் வந்தால் தப்பாக நினைப்பார்கள். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வீட்டுக்கு இறங்க வேண்டிய டயர் கடை நிறுத்தம் தாண்டியது அவளுக்குத் தெரியவில்லை, அதற்கடுத்த நிறுத்தமும் தெரியவில்லை. கடைசி நிறுத்தத்தில் டிரைவர் எழுந்து வந்து, "அம்மா, இதுக்குமேல வண்டி போகாது" என்றார்.