மூன்று மெஷினும் ஒன்றாய்க் கத்திய மதியம்

முதல் நாற்காலியில், ஜன்னலை ஒட்டி, லாரிக்காரர். இரண்டாவதில் தையலக்கா. மூன்றாவதில் நகலார். நான்காவது நாற்காலி காலி. அதன் மெஷின் பழுதாகி, மேலே வெள்ளைத் துணி போர்த்திக் கிடந்தது. கதவுப் பக்கத்து மேசையில் சிஸ்டர். எதிர்ச் சுவரில், எல்லோருக்கும் ஒரே அளவு கழுத்து வலிக்கிற உயரத்தில், டிவி.

நகலார் எந்தக் கடிதம் எழுதினாலும் இப்படித்தான் தொடங்குவார். யார் இருந்தார்கள், எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்று முதலிலேயே எழுதிவிட்டால், பிறகு எவனும் “நீ பார்த்தாயா” என்று கேட்க முடியாது என்பது அவர் கட்சி. பத்திரப்பதிவு அலுவலகத்தில் இருபத்தாறு வருடம் நகல் எழுதிய இடது கை அது. தண்ணீர் வரவில்லை என்றாலும் எழுதும், பஸ் நிற்காமல் போனாலும் எழுதும். ஒருமுறை பாக்கெட்டில் பிஸ்கட் முழுக்க நொறுங்கியிருந்ததற்கு மூன்று பக்கம் எழுதி, மன்னிப்புக் கடிதமும் ஒரு டப்பா பிஸ்கட்டும் வாங்கிய கை.

அந்தக் கைக்குத்தான் இப்போது வாரத்தில் மூன்று நாள் ஓய்வு. இரண்டு சிறுநீரகமும் வேலைநிறுத்தம் செய்துவிட்ட பிறகு, மதியம் ஒன்றிலிருந்து ஐந்து வரை இடது முழங்கைக்குக் கீழே இரண்டு ஊசி. ஒன்றின் வழியாக ரத்தம் வெளியே போகும். மெஷினுக்குள் சுற்றி, வடிகட்டிக் குழலில் அழுக்கை விட்டுவிட்டு, மற்றதன் வழியாகத் திரும்பி வரும். அந்த நான்கு மணி நேரமும் கையை மடக்கவோ தூக்கவோ கூடாது. அசைத்தால் குழாயில் அழுத்தம் ஏறும், பம்ப் நின்றுவிடும், மெஷின் ஊரைக் கூட்டுகிற மாதிரி கத்தும்.

“நம்ம ரத்தத்தக் குடிச்சு, துவைச்சு, அலசி, திருப்பிக் கொடுக்குது பாருங்க. இத விட நல்ல காட்டேரி எங்க கிடைக்கும்?” என்று லாரிக்காரர் மெஷினைத் தட்டிச் சொல்வார்.

காட்டேரி என்ற பேச்சு அந்த அறைக்குள் வந்தது ‘வெயில் படாத வீடு’ என்ற தொடரால். ஐந்து நாவல்களை வைத்து எடுத்த தொடர். மதியம் மூன்று மணிக்கு மறு ஒளிபரப்பு. ஜன்னல்களையெல்லாம் பலகை அடித்து மூடிய வீட்டில் இருநூறு வருடமாக வாழும், வெயில் பட்டால் சாம்பலாகிவிடும் ரத்தக்காட்டேரி ஒருத்தி. எதிர்க்கடையில் கடிகாரம் பழுது பார்க்கும் ஒருவன். அவளுக்கு அவன் மேல் பிரியம், அவனுக்கு அவள் மேல் அதைவிட. முதல் நாள் மூவரும் சிரித்தார்கள். நான்காம் நாள் யாரும் பேசவில்லை. பத்தாம் நாள் மூன்றடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போதே தையலக்கா, “சிஸ்டர், சத்தத்தக் கூட்டுங்க. இப்ப யாராவது இருமினீங்கன்னா பாத்துக்கோங்க” என்று மிரட்டும் நிலைமை.

திரையில் அவள் வந்தாலே அறை ஒடுங்கிவிடும். லாரிக்காரர் அவளை ‘அம்மணி’ என்றுதான் சொல்வார். பெயரைச் சொல்வது மரியாதை இல்லையாம். அவள் தாகத்தோடு கண்ணை மூடும்போது, ஒரு நாளைக்கு இத்தனை டம்ளர்தான் என்று தண்ணீரை அளந்து குடிக்கும் மூவரும் தங்களை அறியாமல் எச்சிலை விழுங்குவார்கள். பக்கத்தில் தங்கள் ரத்தம் சிவப்பாக, சுடச்சுட, குழாயில் ஓடிக்கொண்டிருக்கும்.

நகலாருக்கு அவள் மேல் இருந்தது மரியாதை மட்டும் அல்ல. அவள் தன் கட்சிக்காரி என்று நினைத்தார்.

அதற்குக் காரணம் அவருடைய தம்பி. வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் தம்பி. போன வருடம் அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் எல்லாப் பரிசோதனையும் செய்துகொண்டு, முழங்கை மடிப்பில் பஞ்சோடு வந்து நின்றான். “ரத்தம் சேருதாம், எல்லாம் சேருதாம். எனக்கு ரெண்டு இருக்கு, ஒண்ணு போதும்னு டாக்டரே சொல்லிட்டாரு. எடுத்துக்கோண்ணா” என்றான், என்னமோ ஸ்பேனர் கொடுக்கிற மாதிரி. நகலார் எரிந்து விழுந்தார். “உன் உடம்பத் தின்னுட்டு நான் உயிரோட இருக்கணுமா? உன் பொண்டாட்டி முகத்துல நான் முழிக்க வேண்டாமா?” என்றார். தம்பியின் மனைவியும் வந்து பேசினாள். அவளிடமும் அதே பதில். பதினோரு மாதமாக அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை இல்லை. போன மாதம் டாக்டர், ஊசி ஏற்றும் கைநரம்பு முன்னைப்போல் இல்லை, முடிவெடுக்க வேண்டுமானால் இந்த வருடமே எடுங்கள் என்று சொல்லிவிட்டார்.

தொடரில் அம்மணியும் அப்படித்தான். பிரியம் வைத்தவனின் ரத்தம் ஒரு சொட்டும் வேண்டாம் என்று சத்தியம் செய்து, வாரம் வாரம் வற்றிக்கொண்டிருந்தாள். அந்த ஐந்து நாவலையும் படித்தவர் அறையில் சிஸ்டர் ஒருவர்தான். மூவரும் அவரை, சொர்க்கத்துக்குப் போய் வந்த ஆளைப் பார்ப்பது போலப் பார்ப்பார்கள். கதையைச் சொல்லக் கூடாது என்று தையலக்கா சட்டம் போட்டிருந்தார். ஆனால் ஒரு நாள், எடை பார்க்கும்போது, நகலார் தாழ்ந்த குரலில் கேட்டார்.

“கடைசி வரைக்கும் அவ குடிக்க மாட்டாதானே, சிஸ்டர்?”

சிஸ்டர் அங்குமிங்கும் பார்த்துவிட்டு, “மூணாவது நாவல் கடைசியில கதவத் தொறந்து வெயில்ல நடந்து போயிடுவா சார், அடுத்த ரெண்டு நாவல்ல அவ இல்ல. அவ்வளவுதான். நான் ரெண்டு நாள் சாப்பிடல” என்றார்.

நகலாருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. தன் பக்கம் பேச ஒருத்தியாவது இருக்கிறாளே. அந்தக் காட்சிக்காகக் காத்திருந்தார்.

அது வந்த மதியம்தான் இது.

பலகை இடுக்கு வழியாக ஒரு வெயில் கோடு தரையில் விழுந்திருக்கிறது. அம்மணி அதை நோக்கி ஊர்ந்து வருகிறாள். விரல்கள் காய்ந்த சுள்ளி. பின்னணி இசையும் கிடையாது. சுவரில் அவன் பழுது பார்த்துக் கொடுத்த கடிகாரங்களின் சத்தம் மட்டும். கதவு திறக்கிறது. கடிகாரக்காரன் வருகிறான். அழவில்லை, கெஞ்சவில்லை. அவளுக்கும் அந்த வெயிலுக்கும் நடுவே தரையில் உட்கார்ந்து, வேலைக்கு உட்காருகிறவன் போல நிதானமாகச் சட்டைக் கையை ஒரு மடிப்பு, இரண்டு மடிப்பு, மூன்று மடிப்பு மடித்து, இடது கையை நீட்டுகிறான்.

“இத எடுத்தா நான் உன்னத் தின்னவ ஆயிடுவேன்” என்கிறாள்.

“எடுக்கலேன்னா நான் என்ன ஆவேன்? அத ஒரு நாளாவது யோசிச்சியா?”

இருநூறு வருடம் வாழ்ந்தவளுக்குப் பதில் தெரியவில்லை. அந்த முகத்தில், பதில் தெரியாத அந்தத் திகைப்பு பரவுவதைக் காமிரா நகராமல் பார்த்துக்கொண்டே இருந்தது. பிறகு அவள் குனிந்தாள். பல்லைக் காட்டவில்லை, ரத்தத்தைக் காட்டவில்லை. கொடுக்கிறவன் முகத்தைத்தான் காட்டினார்கள். அவள் கன்னத்தில் நிறம் ஏறுவதைப் பார்க்கப் பார்க்க அவன் முகம் மலர்ந்தது. ஒரு மனிதன் அப்படிச் சந்தோஷப்பட்டு அந்த அறையில் யாரும் பார்த்ததில்லை.

மூன்று மெஷினும் ஒன்றாய்க் கத்தின.

சிஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஓடி வந்தார். “கைய நீட்டுங்க! மூணு பேருமா மடக்குவீங்க? குழந்தைங்களா நீங்க!” ஒவ்வொரு கையாக நேராக்கி, பொத்தானை அழுத்தி, பம்பைச் சுற்ற வைத்தார். சத்தம் அடங்கியது. விளம்பரம் வந்து போனது. சோப்பு விற்கும் பெண்ணைக்கூட அவர்கள் பிரமிப்பு கலையாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முதலில் பேசியது லாரிக்காரர். வலது கையால் போன் திரையைத் தள்ளிக்கொண்டே, “நாவல் படிச்சவங்கள்லாம் கொதிக்கிறாங்கய்யா. கேளுங்க: ‘அவள் வெயிலில் நடந்திருக்க வேண்டும், கதையைக் கொன்றுவிட்டீர்கள்.’ இன்னொருத்தர்: ‘நான் என் ஐந்து புத்தகத்தையும் கட்டிப்பிடித்து அழுதேன்.’ இன்னொரு ஆளு வெறும் அழுகிற பொம்மையா நாப்பது போட்டிருக்காரு” என்றார்.

“கொதிக்க வேண்டியதுதான்!” நகலாரின் குரல் தேவைக்கு மேல் உயர்ந்தது. “அவ போயிருக்கணும். அஞ்சு நாவல் எழுதின மனுஷனுக்குத் தெரியாதது இவங்களுக்குத் தெரிஞ்சிடுச்சா? இத விடக் கூடாது. நான் எழுதப் போறேன். நேயர்கள் கருத்து. முறையா, ஒவ்வொருத்தர் வாக்குமூலத்தோட.”

“ஆரம்பிச்சிட்டாருய்யா” என்றார் லாரிக்காரர்.

ஊசி பிடுங்கி, பஞ்சு வைத்து அழுத்திக்கொண்டு காத்திருக்கும் பத்து நிமிடத்தில் விசாரணை நடந்தது. நகலாரின் பஞ்சின் மேல் சிஸ்டர் பிளாஸ்டர் ஒட்டிவிட்டார், மடியில் நோட்டு.

“என் வாக்குமூலம் இது” என்றார் லாரிக்காரர். “ராத்திரி பகலா ஓட்டியிருக்கேன், யானைய எதிர்ல பாத்திருக்கேன், மலைப்பாதையில பிரேக் போயி எறங்கியிருக்கேன். அப்பல்லாம் சிலிர்க்காத உடம்பு இன்னிக்குச் சிலிர்த்துடுச்சு. எழுதிக்கோங்க. அம்மணி நூறு வருஷம் நல்லா இருக்கணும்.”

“ஏற்கெனவே இருநூறு ஆச்சே” என்றார் சிஸ்டர்.

“இன்னொரு நூறு இருக்கட்டுமே, உங்களுக்கென்ன?”

அடுத்தது தையலக்கா. பஞ்சை விலக்கி, ரத்தம் நின்றதா என்று பார்த்துவிட்டுச் சொன்னார்: “அவ குடிச்சது எனக்குப் பெருசாத் தெரியல, நகலாரே. அவன் நீட்டினான் பாருங்க. எனக்கு அப்பா இல்ல, அம்மா இல்ல, கூடப் பொறந்தது ஒண்ணும் இல்ல. கிட்னிக்குப் பட்டியல்ல பேரக் கொடுத்துட்டு நாலு வருஷமா உக்காந்திருக்கேன். இந்தான்னு ஒரு கை நீண்டுச்சுன்னா, சத்தியமா, நான் யோசிக்கக்கூட மாட்டேன்.” பிறகு சிரித்தார். “இதெல்லாம் எழுதாதீங்க. நடிகையோட புடவைல தையல் பிரமாதம்னு மட்டும் எழுதுங்க.”

நகலாரின் பேனா நின்றது. சமாளித்துக்கொண்டு, சிஸ்டர் பக்கம் திரும்பினார். “மெஷின் கத்தின நேரம் வேணும். அவ குடிச்சப்ப கத்துச்சே, அத ஆட்சேபமாக் குறிப்பிடலாம். மூணு நேயர்களும் ஒரே நேரத்துல அதிர்ச்சி அடைஞ்சாங்கன்னு.”

மெஷினின் ஞாபகத்தில் ஒவ்வொரு அலறலுக்கும் நேரம் பதிவாகியிருக்கும். சிஸ்டர் மூன்றையும் அழுத்திப் பார்த்துக் குறித்துக்கொண்டார். குறித்ததை ஒரு தடவை பார்த்தார். நகலாரின் நாற்காலிக்கு அருகே வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னார்.

“ஒரே நேரத்துல இல்ல சார். லாரி அண்ணனுக்கும் தையலக்காவுக்கும் மூணு பத்தொன்பது. அம்மணி குனிஞ்சப்புறம். உங்களோடது மூணு பதினெட்டு முடியறதுக்குள்ளயே கத்திடுச்சு.”

“அப்ப என்ன நடந்துது?”

“அப்ப ஒண்ணுமே நடக்கல. அவன் கைய நீட்டிட்டிருந்தான். அவ்வளவுதான்.” சிஸ்டர் நிறுத்தினார். தம்பியின் பரிசோதனைத் தாள்கள் இருக்கும் கோப்பு அவர் மேசையில்தான் இருந்தது. அதைப் பற்றி அவர் ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. இன்றும் திறக்கவில்லை. “நான் உங்ககிட்டதான் மொதல்ல ஓடி வந்தேன். உங்க கை மடங்கல சார். மேல தூக்கியிருந்தீங்க. எதையோ வாங்கப் போற மாதிரி.”

நகலார் தன் இடது கையைப் பார்த்தார். ஊசி எடுத்த இடத்தில் இரண்டு பஞ்சு. தோலுக்கடியில், ஊசிக்காக ஆபரேஷனில் இணைத்த நரம்பு, தேன்கூடு போல, ரீங்கரித்துக்கொண்டிருந்தது. இருபத்தாறு வருடம் ஒரு எழுத்துகூடப் பிசகாமல் மூலத்தைப் பார்த்து எழுதிய கை, அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எழுந்திருக்கிறது. அவருக்குப் பயமாகக்கூட இல்லை. வானத்தில் முதல் முறையாக எதையோ கண்ட குழந்தை மாதிரி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை, சமையலறை மேசையில், தாளை நேராக வைத்துத் தொலைக்காட்சி நிலையத்துக்கு எழுத உட்கார்ந்தார். யார் இருந்தார்கள், எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பது கடகடவென்று வந்தது. லாரிக்காரர் சொன்னது வந்தது. தையலக்கா வேண்டாம் என்று சொன்னதை விட்டுவிட்டு, புடவைத் தையலை எழுதினார். ‘மூன்றாவது நாற்காலியில் இருந்தவர் தெரிவித்த கருத்து’ என்று தலைப்புப் போட்டு, கீழே கோடிட்டார். கோட்டுக்குக் கீழே எதுவும் வரவில்லை. ‘ஆட்சேபிக்கிறேன்’ என்று எழுதிப் பார்த்தார். பொய் நகல். அடித்தார். வாழ்நாளில் அவர் எழுதிய தாளில் அடித்தல் விழுந்தது அதுதான் முதல் தடவை.

அந்தத் தாளை ஒதுக்கி வைத்துவிட்டு, புதிய தாள் எடுத்தார். இந்த முறை பட்டியல் இல்லை.

‘தம்பி, நீ அன்றைக்குக் கேட்டதற்கு நான் கோபத்தில் பதில் சொன்னேன். வேண்டாம் என்றால் உனக்கு என்ன ஆகும் என்று நான் யோசிக்கவே இல்லை. உனக்கு இன்னும் மனம் இருந்தால், உன் மனைவிக்கும் சம்மதம் இருந்தால், நான் வாங்கிக்கொள்கிறேன். இல்லை என்றாலும் குறை இல்லை, வீட்டுக்கு வா. டாக்டர் இந்த வருடத்துக்குள் என்கிறார். அண்ணன்.’

அவ்வளவுதான். அவர் எழுதியதிலேயே சின்னக் கடிதம். நான்காக மடித்து உறைக்குள் போடும்போது மனைவி வந்து நின்றாள். கடிதங்களைத் தபாலில் சேர்ப்பது அவள் வேலை.

“டிவிக்காரங்களுக்கா?”

“இல்ல. அவனுக்கு.”

அவளுக்கு எந்த அவன் என்று கேட்கத் தோன்றவில்லை. “போன் போட்டுச் சொல்லிடலாமே. இப்பவே” என்றாள்.

“போன்ல பேசினா சண்டை போட்டுருவேன். அவனும் போடுவான்.” உறையின் ஓரத்தை நாக்கால் நனைத்து, கட்டை விரலால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அழுத்தினார். ஸ்டாம்ப் ஒட்டினார். அவள் கையை நீட்டினாள். அவர் கொடுக்கவில்லை.

“நானே போட்டுட்டு வர்றேன்.”

தெருமுனைத் தபால்பெட்டி வரைக்கும் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு போனார். முகவரியை இன்னொரு தடவை சரிபார்த்தார். உறையைப் பெட்டியின் வாய்க்குள் பாதி நுழைத்து, விடாமல், அதன் ஓரத்தை ஒரு கணம் பிடித்திருந்தார். பிறகு விட்டார்.