ஆயிரத்து இருநூற்று நாற்பது சதுரடி

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு பிளெஸ்ஸி கிழக்குத் தெருவுக்குள் நுழைந்தபோது அவள் கையில் முப்பத்தெட்டுப் பெயர்கள் கொண்ட பட்டியல் இருந்தது. செங்காநத்தம் பேரூராட்சியில் அவள் பில் கலெக்டராகச் சேர்ந்து ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. வீட்டு வரி பாக்கி வைத்திருப்பவர்களின் குடிநீர்க் குழாயைத் துண்டிக்க வேண்டும் என்பது செயல் அலுவலர் ரகுநாத்தின் உத்தரவு. மார்ச் முடிய நான்கு நாள் இருந்தது.

கூட வந்தவர் குழாய் பிட்டர் முனியசாமி. பதினாறு வருடமாக அதே அலுவலகத்தில் ஒப்பந்தக் கூலி. சைக்கிள் கேரியரில் ரெஞ்சும் கடப்பாரையும் கட்டியிருந்தார். முதல் வீடு பூட்டிக் கிடந்தது. வாசலோரம் மண்ணைத் தோண்டி குழாயைக் கழற்றி மூடி போட்டார். இரண்டாவது வீட்டுக்கு வருவதற்குள் தெருவே வாசலில் நின்றது.

அந்த இரண்டாவது வீடு மூக்காயியுடையது. ஐம்பத்தைந்து வயதிருக்கும். கல்யாண மண்டபங்களில் பாத்திரம் கழுவும் வேலை பார்ப்பவள். முனியசாமி குனிந்ததும் அவள் வந்து குழாயின் மேல் காலை வைத்துக்கொண்டாள்.

"முனியசாமி, எங் காலை வெட்டிட்டுக் குழாயை வெட்டு."

"அம்மா, மூணு வருச பாக்கி. நோட்டீஸ் குடுத்தாச்சு" என்றாள் பிளெஸ்ஸி.

"குடுத்தீக. இல்லைன்னு சொன்னேனா? அரை வருசத்துக்கு எரநூத்திப் பன்னெண்டு ரூவா கட்டிக்கிட்டிருந்தேன். திடீர்னு தொள்ளாயிரத்து முப்பதுன்னா எங்கிட்டுப் போறது? ரெண்டு தடவை ஆபீசுக்கு வந்தேன். பெரிய வீடு வச்சிருக்கேன்னு கம்ப்யூட்டர்ல காட்டுதாம். இந்தா நிக்குது பெரிய வீடு. உள்ள வந்து பாருங்க."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். நல்ல சிரிப்பு இல்லை அது. பின்னாலிருந்து ஒருவன், "ஒரு மூடி போட்டாச்சுல்ல, அதோட கெளம்புங்க" என்றான். முனியசாமி ரெஞ்சைக் கீழே வைத்துவிட்டு பிளெஸ்ஸியைப் பார்த்தார்.

பிளெஸ்ஸி பட்டியலைப் புரட்டினாள். மூக்காயி, கதவு எண் 14, கட்டடப் பரப்பு 1,240 சதுரடி. அவள் அப்பா சார்லஸ் அரிமளத்தில் கொத்தனார். பள்ளி விடுமுறைகளில் அவரோடு சாரத்தில் நின்று வளர்ந்தவள் அவள். ஒரு அறையைப் பார்த்தால் எத்தனை அடி என்று கண்ணே சொல்லிவிடும். அந்த வீட்டுக்குள் நுழைந்து நான்கு எட்டு வைத்ததும் பின்சுவர் வந்துவிட்டது.

"முனியசாமி அண்ணே, டேப்பை எடுங்க."

இருபத்தாறுக்குப் பத்தொன்பது. நானூற்றுத் தொண்ணூற்று நான்கு சதுரடி. பின்னாலிருந்த தகரக் கொட்டகையைச் சேர்த்தாலும் ஐந்நூற்றைம்பதைத் தாண்டாது.

அடுத்த வீட்டுக்காரி கையைப் பிடித்து இழுத்தாள். அங்கே முந்நூற்றுத் தொண்ணூற்றாறு. பட்டியலில் 1,240. அதற்கடுத்த வீட்டுக்கும் 1,240. பிளெஸ்ஸி தாளின் மேலிருந்து கீழ்வரை விரலை ஓட்டினாள். முப்பத்தெட்டு வீட்டுக்கும் ஒரே எண். நேற்று மாலை இதைக் கையில் வாங்கியபோது அவள் பாக்கித் தொகையைத்தான் பார்த்தாள். பரப்பைப் பார்க்கவில்லை.

தெரு முனைக்குப் போய் ரகுநாத்தை அழைத்தாள்.

"சார், இங்க எல்லா வீட்டுக்கும் ஒரே சதுரடி போட்டிருக்கு. அளந்து பாத்தா பாதிகூட இல்ல."

"வரி ஏத்துனப்போ எல்லாரையும் வீட்டு அளவை ஃபாரத்துல நிரப்பிக் குடுக்கச் சொன்னாங்க. அந்தத் தெருவுல யாரும் குடுக்கலை போல. டைப் பண்ண வந்த கம்பெனிக்காரன் ஒரு நம்பரைப் போட்டுட்டுப் போயிருப்பான். அப்ப நான் இங்க இல்லம்மா."

"இப்ப இருக்கீங்க சார்."

"பிளெஸ்ஸி, மொதல்ல கட் பண்ணுங்க. மனு குடுத்தா ஏப்ரல்ல பாத்துக்கலாம். வசூல் கூடலைன்னா மத்திய நிதிக்குழு மானியம் வராது. அது வந்தாத்தான் புதுத் தண்ணி டேங்க் வேலை நடக்கும். ஊருக்கே தண்ணி இல்லாமப் போனா யார் பதில் சொல்றது?"

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. பிளெஸ்ஸிக்கும் அது தெரியும். ஆனாலும் அவள் திரும்பி வந்து, முதல் வீட்டில் போட்ட மூடியைக் கழற்றச் சொன்னாள். முனியசாமி தயங்கித் தயங்கிக் கழற்றினார். யாரும் நன்றி சொல்லவில்லை. "இன்னைக்குப் போய்ட்டு நாளைக்கு வருவீக" என்றாள் மூக்காயி.

மதியம் சாப்பாட்டுக்குப் பின் அவள் அலுவலகக் கணினியில் ஊரின் மற்ற கட்டடங்களைப் பார்த்தாள். கிழக்குத் தெரு முடிந்து மெயின் ரோடு தொடங்கும் இடத்தில் ராஜமாணிக்கம் மகால் இருந்தது. பேரூராட்சித் துணைத் தலைவரின் அண்ணன் ஆத்மநாதனுடையது. தினமும் அதைத் தாண்டித்தான் அவள் அலுவலகம் வருகிறாள். எண்ணூறு இருக்கைகள், ஐந்நூறு பேர் அமரும் உணவுக்கூடம், முழுவதும் ஏ.சி. என்று வாசலில் பெரிய பிளெக்ஸ். கணினியில் அதன் பரப்பு 1,180 சதுரடி. உரிமையாளரே நிரப்பிக் கொடுத்தது, ஏற்றுக்கொள்ளப்பட்டது.

அவள் அதை இரண்டு தடவை படித்தாள். மூக்காயியின் வீட்டைவிட மகால் சின்னது.

மகால் விசேஷ நாளில் மட்டும்தான் திறந்திருக்கும். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அங்கே ஒரு காதணி விழா. மார்ச் கடைசி என்பதால் வரி வசூலுக்கு ஞாயிறும் வேலைதான். மகாலை அளக்கலாம் என்று முனியசாமியிடம் சொன்னபோது அவர் முகம் சுண்டிப்போனது.

"மேடம், ஒங்களை வேற ஊருக்கு மாத்துவாங்க. என்னைய வீட்டுக்கு அனுப்பிருவாங்க."

"டேப் நுனியைப் பிடிச்சா போதும்ணே. மத்ததை நான் பாத்துக்கிறேன்."

அன்று மாலை வீட்டில் அவள் ஒரு வெற்றுப் படிவத்தில் மகாலின் பெயரை எழுதி எடுத்து வைத்தாள்.

ஞாயிறு பத்தரை மணிக்கு மகால் வாசலில் ஸ்பீக்கர் அலறிக்கொண்டிருந்தது. ஆத்மநாதன் வெள்ளைச் சட்டையில் போர்ட்டிகோவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பிளெஸ்ஸியின் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"வாங்க மேடம். மொதப் பந்தி ஓடிக்கிட்டிருக்கு. சாப்பிடுங்க."

"அளக்க வந்திருக்கோம் சார்."

"எதை?"

"மகாலை."

அவர் சிரித்தார். "தாராளமா அளங்க. எந்த ஊருக்கு மாத்தல் வேணும்னு மட்டும் சொல்லிட்டு அளங்க. எந்தம்பிகிட்ட சொல்லி நல்ல ஊரா வாங்கித் தாரேன்." பிறகு வாட்ச்மேன் பக்கம் திரும்பி, "கேட்டைச் சாத்துப்பா" என்றார்.

இரும்புக் கேட் சத்தத்தோடு மூடியது. பிளெஸ்ஸியும் முனியசாமியும் உள்ளே. அவள் டேப்பின் ஒரு முனையை முனியசாமியிடம் கொடுத்துவிட்டு மறுமுனையோடு சுவரை ஒட்டி நடந்தாள். பாதி தூரம் போனதும் டேப் தளர்ந்து தரையில் விழுந்தது. திரும்பிப் பார்த்தாள். முனியசாமி டேப் முனையை விட்டுவிட்டு நின்றார். ஆத்மநாதன் அவர் தோளில் கை வைத்திருந்தார். முனியசாமியின் கண்கள் தரையைவிட்டு எழவில்லை.

அவர்மீது அவளுக்குக் கோபம் வரவில்லை. தனியாக எப்படி அளப்பது என்று யோசித்தபடி டேப்பைச் சுருட்டத் தொடங்கினாள்.

அப்போது மகாலின் பின்பக்கத்திலிருந்து மூக்காயி வந்தாள். சேலையைத் தூக்கிச் செருகியிருந்தாள். முழங்கைவரை சோப்பு நுரை.

"இங்கிட்டுப் பிடிக்கணுமா தாயி?"

"மூக்காயி, பாத்திரம் கெடக்கு" என்றார் ஆத்மநாதன்.

"கெடக்கட்டுங்கய்யா. வந்து கழுவுறேன்." குனிந்து டேப்பின் முனையை எடுத்துச் சுவரோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள்.

ஆத்மநாதனின் முகத்திலிருந்த சிரிப்பு போனது. "எவன் வீட்டு வாசல்ல வந்து யாருக்குப் பிடிக்கிற? கீழ போடு அதை." அவர் இரண்டு எட்டு முன்னால் வந்தார். சமையற்கட்டிலிருந்து இரண்டு ஆட்களும் வெளியே வந்து நின்றார்கள். பிளெஸ்ஸி அசையவில்லை. அசைந்தால் ஓடிவிடுவோம் என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

சரியாக அந்த நேரம் வெளியே மேளச் சத்தம் நெருங்கி வந்து கேட்டின் முன் நின்றது. தாய்மாமன் சீர். தட்டுகளைத் தலையில் வைத்தபடி நாற்பது ஐம்பது பேர் வெயிலில் நின்றார்கள். கேட்டை யாரோ ஓங்கித் தட்டினார்கள். விழா வீட்டுக்காரர் சிவபிரகாஷ் மண்டபத்துக்குள்ளிருந்து ஓடிவந்தார். துபாயிலிருந்து ஒரு மாத விடுப்பில், மகளுக்குக் காது குத்த வந்தவர்.

"மாமன் சீர் வாசல்ல நிக்குது! யாருய்யா கேட்டைச் சாத்துனது?"

"ரெண்டு நிமிசம் தம்பி. ஆபீஸ்காரங்க அளக்குறேன்னு பிரச்சனை பண்றாங்க" என்றார் ஆத்மநாதன்.

"அளந்தா என்ன?"

"வரியை ஏத்திவிடப் பாக்குறாங்க."

சிவபிரகாஷ் வேட்டியை இறுக்கிக் கட்டினார். நெற்றியெல்லாம் வியர்வை. "வாடகை அறுபதாயிரம் வாங்குனீங்க. அதுக்கு மேல பதினெட்டு பர்சன்ட், பத்தாயிரத்து எண்ணூறு ஜி.எஸ்.டி.ன்னு பில்லுல போட்டீங்க. பாதி டில்லிக்கு, பாதி சென்னைக்குன்னு நீங்கதானே கணக்கு சொன்னீங்க? நான் மறுபேச்சுப் பேசாமக் கட்டல? எங்கிட்ட வாங்கத் தெரிஞ்ச ஒங்களுக்கு ஊருக்குக் கட்டுறதுக்கு என்ன? அந்தம்மா அளந்துட்டுப் போகட்டும். மொதல்ல கேட்டைத் தொறங்க. என் மச்சான் வெயில்ல நிக்கிறான்."

அதற்குள் பந்தியிலிருந்து எழுந்த சிலர் வாசலுக்கு வந்துவிட்டார்கள். இரண்டு மூன்று பேர் போனை உயர்த்திப் பிடித்தார்கள். ஆத்மநாதன் போன்களைப் பார்த்தார். வாட்ச்மேனுக்குத் தலையை ஆட்டினார். கேட் திறந்தது. மேளம் உள்ளே வந்தது.

சீர்த் தட்டுகள் வரிசையாக மண்டபத்துக்குள் போக, அவற்றுக்கு இடையிலேயே பிளெஸ்ஸியும் மூக்காயியும் அளந்தார்கள். மண்டபம் தொண்ணூற்றாறுக்கு அறுபது. உணவுக்கூடம் எண்பதுக்கு ஐம்பது. சமையற்கட்டு, மணமகன் அறை, மணமகள் அறை, மாடியறைகள். எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டாயிரத்து நானூற்று எழுபது சதுரடி. முனியசாமி கடைசிவரை போர்ட்டிகோவிலேயே நின்றார். அளந்து முடித்து வந்தபோது, அவள் கேட்காமலே படிவத்தை வாங்கிச் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். அதன் கீழே மூக்காயி தன் பெயரை எழுத்துக்கூட்டி எழுதினாள்.

திங்கட்கிழமை காலை பிளெஸ்ஸி இரண்டு படிவக் கட்டுகளையும் ரகுநாத்தின் மேசையில் வைத்தாள். ஒன்றில் கிழக்குத் தெருவின் முப்பத்தெட்டு வீடுகள். ஞாயிறு மாலைக்குள் தெருக்காரர்களே டேப் பிடித்து அளந்து முடித்திருந்தார்கள். இன்னொன்றில் மகால்.

ரகுநாத் படித்தார். கால்குலேட்டரைத் தட்டினார். "தெருவுல அரையாண்டுக்கு இருபத்து மூவாயிரம் குறையும். மகால்ல பதினேழாயிரம் கூடும். ஆறாயிரம் நமக்கு நட்டம். அந்தாளு நாளைக்கே கட்டவும் மாட்டாரு."

"தெரியும் சார்."

"டில்லியில இருந்து இத்தனை பர்சன்டேஜ் வசூல் காட்டுன்னு கேக்குறாங்க. சென்னையில இருந்து ஒரு பர்சன்டேஜ் கேக்குறாங்க. ரெண்டு பேரும் அந்தத் தெருவைப் பாத்ததில்லம்மா."

"நீங்க பாத்திருக்கீங்கள்ல சார்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். மேசைமேல் போன் அதிர்ந்தது. துணைத் தலைவரின் பெயர் திரையில் வந்தது. அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. மூன்றாம் முறை எடுத்தார். அந்தப் பக்கத்துக் குரல் பிளெஸ்ஸிக்கே கேட்டது. கடைசியில், "அளந்தாச்சுங்க. வீடியோ ஊரெல்லாம் சுத்துது. நான் இதைக் கிழிச்சுப் போட்டா என் வேலை போகும்" என்று சொல்லிவிட்டு ரகுநாத் போனை வைத்தார். பேனாவைத் திறந்து முதலில் தெருவின் கட்டில் கையெழுத்துப் போட்டார். மகாலின் படிவத்துக்கு வந்ததும் நிறுத்தி, எழுந்து போய் தண்ணீர் குடித்துவிட்டு வந்து அதிலும் போட்டார்.

மார்ச் முப்பத்தொன்று மாலை வசூல் எண்பத்தொரு சதவீதத்தில் நின்றது; கேட்ட அளவைத் தொடவில்லை. மானியத்தின் அடுத்த தவணை வரவில்லை. புது டேங்க் நான்கு தூண்களோடு அப்படியே நின்றுவிட்டது. அதற்கு பிளெஸ்ஸிதான் காரணம் என்று மன்றக் கூட்டத்தில் துணைத் தலைவர் பேசினார். ஆத்மநாதன் நீதிமன்றம் போய், பாதி வரியைக் கட்டும் நிபந்தனையோடு இடைக்காலத் தடை வாங்கினார். முனியசாமியை யாரும் வீட்டுக்கு அனுப்பவில்லை. அவரும் பிளெஸ்ஸியும் அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை.

ஏப்ரல் இரண்டாம் வாரம் மூக்காயி கவுண்டருக்கு வந்தாள். திருத்திய வரி அரையாண்டுக்கு முந்நூற்று எழுபது. மூன்று வருடத்துக்கானதையும் மொத்தமாகக் கட்டினாள். பில்லை வாங்கிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"மகால்காரரு கட்டிட்டாரா?"

"பாதி கட்டியிருக்காரும்மா. மீதி கேஸ்ல நிக்குது."

"எங்கிட்ட முழுசா வாங்கிட்டீக."

பிளெஸ்ஸி மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுத்தாள். "மகால்ல வேலைக்குக் கூப்பிடுறாங்களாம்மா?" என்று கேட்டாள், கேட்கக் கூடாது என்று தெரிந்தே.

"அங்கிட்டு இனி எதுக்குப் போறேன்? கறம்பக்குடியில ஒரு மண்டபத்துல சேந்துருக்கேன். கூலியில பாதி பஸ்ஸுக்கே போயிருது." அவள் குரலில் குறை சொல்லும் தொனி இல்லை, உள்ளதைச் சொல்வது போலச் சொன்னாள். "ஆனா தாயி, அந்தாளு மண்டபத்தை நானும் அளந்தேன்ல? இத்தனை வருசம் கூட்டிப் பெருக்குனேன். அம்புட்டுப் பெருசுன்னு அன்னைக்குத்தேன் தெரிஞ்சுச்சு."

பின்னால் வரிசையில் நின்றவர் முன்னால் நகர்ந்து வரி அட்டையை நீட்டினார். மூக்காயி பில்லை மடித்து சுருக்குப் பைக்குள் வைத்துக்கொண்டு, பதினொரு மணி பஸ்ஸைப் பிடிக்க வேகமாக வெளியே நடந்தாள்.