எடெல்மிரா வீட்டுக்குள் பெய்த பனி

புதிய அமைச்சரின் ஆணை வெளியான பிப்ரவரிக் காலையில் எடெல்மிரா கார்காமோவின் சமையலறையில் பனி பெய்தது. வெளியே நல்ல கோடை வெயில். கொடியில் போட்ட துணி அதற்குள் காய்ந்துவிட்டது. உள்ளே, கூரைக்குக் கீழிருந்து பனி சாவகாசமாக இறங்கி, ரொட்டிமேலும் அவள் கணவன் எர்மினியோவின் வழுக்கைமேலும் படிந்தது. மதியத்துக்குள் அந்தத் தெருவில் 'ஏ' தரச் சான்று பெற்ற எல்லா வீடுகளிலும் பெய்ய ஆரம்பித்தது. சான்றே இல்லாத பழைய பலகை வீடுகளில் ஒரு பொட்டுகூட விழவில்லை.

சிலி நாட்டின் தெற்கே, பூயேவின் ஊரில், ஜூலையில் வரும் குளிர்காலம் என்றால் புகை. ஈர விறகை எரித்து எரித்து ஊரே இருமும். எர்மினியோவின் நுரையீரல் கெட்டது அப்படித்தான். அவனுக்காகத்தான் எடெல்மிரா தெருக்காரர்களைத் திரட்டினாள், மழையில் அலுவலக வாசல்களில் நின்றாள், அமைச்சர்கள் மாறினாலும் விடவில்லை. கடைசியில் தடித்த சுவரும் இரட்டைக் கண்ணாடி ஜன்னலுமாக வீடுகள் எழும்பின. சூட்டை வெளியே விடாத வீடு என்று அரசாங்கமே சான்று கொடுத்தது. பதிலுக்கு விறகடுப்பைக் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும். சந்தோஷமாகவே கொடுத்தார்கள். அதன்பிறகு எர்மினியோ குளிர்காலத்தில் இருமாமல் தூங்கினான். எடெல்மிரா விழித்திருந்து அந்த நிசப்தத்தைக் கேட்டாள்.

பிறகு ஆட்சி மாறியது. முந்தைய ஆட்சி வீடுகளை அளந்த முறை பிடிக்கவில்லை என்று புது அமைச்சர் அதை ரத்து செய்தார். பழைய சான்றுகள் செல்லாது; மறுபடி அளக்கும்வரை சான்று பெற்ற எல்லா வீடும் கடைசித் தரமான 'ஜி'. யார் அளப்பது, எப்போது அளப்பது என்று ஆணையில் இல்லை. சுவர்கள் அதே சுவர்கள்தான். ஆனால் அவை அரசாங்கத்துக்குக் கீழ்ப்படிந்தன.

புகாரை விசாரிக்க ரெனாட்டோ ஒயார்சுன் என்ற அதிகாரி வந்தார். கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்தார்.

"அம்மா, விதிப்படி பாத்தா வீட்டுக்குள்ள பனி பெய்ய வாய்ப்பே இல்ல."

"அப்ப உங்க மீசையில இருக்கிறது என்ன சார், சர்க்கரையா?"

"மறு அளவீட்டுக்கு விண்ணப்பம் குடுங்க."

"யாருகிட்ட?"

"அந்தப் பிரிவு இன்னும் அமைக்கல."

போர்வைக்குள்ளிருந்து எர்மினியோ சிரித்தான். சிரிப்பு இருமலாகி, நெடுநேரம் நிற்கவில்லை. "அவரைத் திட்டாத மிரா, பாவம், அவருக்கும் மூக்கு ஒழுகுது" என்றான்.

தெருக்காரர்கள் அடுப்புகளைத் திருப்பிக் கேட்டார்கள். இரும்புக்கு உருக்கியாகிவிட்டது என்றார்கள் அதிகாரிகள். உருளைக்கிழங்குச் சாக்குகளில் பனியை அள்ளிக்கொண்டு எடெல்மிராவும் தெருப் பெண்களும் தலைநகருக்கு பஸ் ஏறினார்கள். அந்த வெக்கையிலும் பனி உருகவில்லை. அமைச்சகம் முழுக்கக் கண்ணாடிக் கட்டடம். நாளெல்லாம் குளிர்சாதனம் ஓடியது. வாசலில் 'ஏ' தரப் பலகை பளபளத்தது. பனியை வரவேற்பு மேசையில் கொட்டினார்கள். இது பனிதான் என்று சான்றளிக்கத் தங்களுக்கு அதிகாரமில்லை என்று அங்கிருந்த அதிகாரிகள் எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

ஜூலையில் எர்மினியோ செத்துப்போனான். அவன் நெஞ்சில் பெய்த பனியைக் கையால் தள்ளித் தள்ளி, தள்ள முடியாமல், எடெல்மிரா அவன்மேல் கவிழ்ந்து படுத்து முதுகில் வாங்கிக்கொண்டாள். டாக்டர் 'இயற்கை மரணம்' என்று எழுதினார்.

அடுத்த ஆண்டு மறுபடி ஆட்சி மாறியது. வந்த அமைச்சர் தாராளமானவர். பழைய சான்றுகள் ஒருநாளும் ரத்தாகவில்லை, எப்போதும் செல்லுபடியாகவே இருந்தன என்று ஆணை போட்டார். வீட்டுக்காரர்கள் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால் போதும். ஒவ்வொரு வீட்டிலும் கையெழுத்துப் போட்டுப் பேனாவை எடுத்த கையோடு பனி நின்றது. ரெனாட்டோ கடைசியாக எடெல்மிரா வீட்டுக்கு வந்தார்.

"எப்பவும் 'ஏ'வாத்தான் இருந்துச்சுன்னு போட்டிருக்கு?"

"ஆமாம்மா. உங்களுக்கு நல்லதுதானே."

"அப்ப இந்த வீட்டுல குளிரே இருந்ததில்ல. என் புருஷன் வெதுவெதுப்புல செத்தான். அப்படித்தானே சார்?"

ரெனாட்டோ பேனாவை மூடிப் பைக்குள் வைத்தார்.

"என் கையெழுத்து கிடைக்காதுன்னு உங்க அமைச்சர்கிட்ட சொல்லுங்க. பனி பெஞ்சுது. பெய்யட்டும்."

அண்டை வீட்டார் கெஞ்சினார்கள், மகள் வந்து அழுதாள், செய்தித்தாளில் பிடிவாதக்காரி என்று எழுதினார்கள். அவள் கம்பளித் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு மாத்தே என்ற மூலிகைத் தேநீரைச் சூடாகக் குடித்தாள். காலம் போகப் போக ஊர் பழகிக்கொண்டது. கோடையில் தெருக்காரர்கள் தங்கள் மீனை அவள் சமையலறையில் கொண்டுவந்து வைக்கிறார்கள். கல்யாணம் என்றால் இறைச்சியும் அங்கேதான். அமைச்சர்கள் வருகிறார்கள், போகிறார்கள். ஆண்டுதோறும் அந்த ஒப்புதல் காகிதத்தை ரெனாட்டோவிடம் கொடுத்து அனுப்புகிறார்கள். அவர் அதைப் பையை விட்டு எடுப்பதேயில்லை. வண்டியிலிருந்து மண்வெட்டியை எடுத்துவந்து, மேசைவரைக்கும் பனியைத் தள்ளி வழி செய்துவிட்டு, அவள் ஊற்றித் தரும் மாத்தேக்காக உட்காருகிறார்.