பனியில் நாரை

இசக்கிக்குச் சொந்த ஊரில் கிடைக்காத மரியாதை ஒரகடத்தில் ஒரு நாரையால் கிடைத்தது. ஹெட்லைட் செய்யும் அவன் கம்பெனியின் ரிசப்ஷனில், சாமி படத்துக்குப் பக்கத்தில், இரண்டு வருஷத்துக்கு முன் அவன் எடுத்த படம் தொங்கியது. கம்பெனிச் சுவருக்குப் பின்னால் உள்ள ஏரியில், வெள்ளைப் பனிக்கு நடுவே நிற்கும் மஞ்சள்மூக்கு நாரை. அடியில், 'பனியில் நாரை: இசக்கி, ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன்' என்று பித்தளைப் பலகை. ஆடிட்டுக்கு வருகிறவர்களை மேனேஜர் வெங்கடேசன் முதலில் அங்கேதான் கொண்டுபோய் நிறுத்துவார். "நம்ம பிளான்ட் பக்கத்துல பறவைங்க எவ்ளோ ஹேப்பியா இருக்கு பாருங்க" என்பார். நாரையை யாரும் கேட்டதில்லை.

திருச்செந்தூர்ப் பக்கமிருந்து வந்து, இருங்காட்டுக்கோட்டையில் ஐந்து பேரோடு ஒரே அறையில் படுத்துக்கிடப்பவனுக்கு அந்தப் பித்தளைப் பலகைதான் பட்டா, பத்திரம் எல்லாம்.

ஆனால் கேமரா கிழடுதட்டிவிட்டது. பொத்தானை அழுத்தினால் அது யோசித்து முடிப்பதற்குள் மீன்கொத்தி மீனைப் பிடித்துத் தின்று ஏப்பமும் விட்டிருக்கும். விழுகிற படமும் சோறு வடித்த கஞ்சி மாதிரி வெளுத்துக்கிடந்தது. புதுசு வாங்கலாமா, இதையே வைத்து ஓட்டலாமா? பெண் பார்க்கப் போகிறவன்கூட இவ்வளவு யோசிக்க மாட்டான்.

ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் மண்ணூர் கன்னியப்பனுக்குக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. "இன்னாடா, டெய்லி இதே பாட்டா கீது? எம் மச்சான் கல்யாணத்துக்கு போட்டோ எடுக்கறான். அவன்கிட்ட புது கேமரா கீது, வாங்கியாறேன். ரெண்டுலயும் எடுத்துப் பாத்துட்டு ஒரு முடிவுக்கு வா."

ஞாயிற்றுக்கிழமை அதே ஏரி, அதே நாரை. பழையதில் ஒன்று, புதியதில் ஒன்று எடுத்தான். தூரத்தில் வெள்ளையாய்க் கிடப்பதை இசக்கி இரண்டு வருஷமாகப் பனி என்றே நம்பியிருந்தான். வெயில் ஏறியும் கலையாத பனி ஊரில் எங்கே உண்டு என்று அவனுக்குத் தோன்றவில்லை. படம் எடுக்கிறவனுக்கு இறகைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாது. அது ஒரு வியாதி.

எது தேவலை என்று நாலு பேரைக் கேட்கலாமே? கம்பெனியில் ஒரு திருகாணியை மாற்றினாலும் இடப்பக்கம் 'முன்', வலப்பக்கம் 'பின்' என்று இரண்டு படம் ஒட்டிக் காட்ட வேண்டும். கை அந்தப் பழக்கத்திலேயே போயிற்று. பழைய கேமரா படத்துக்கு 'முன்', புதியதற்குப் 'பின்' என்று போட்டு, பிளான்ட் வாட்ஸ்அப் குரூப்பில் தட்டிவிட்டான்.

'பின்' படத்தில் இறகு ஒவ்வொன்றும் எண்ணிவிடலாம்போல் இருந்தது. கூடவே, நாரையின் காலைச் சுற்றிக் கட்டிகட்டியாய் நுரை. அதற்குப் பின்னால் கம்பெனிச் சுவர், சுவரில் ஒரு குழாய். 'அடப்பாவிங்களா, ரெண்டே வருஷத்துல ஏரிய இப்படியா ஆக்கிட்டீங்க' என்று யாரோ எழுத, குரூப் பற்றிக்கொண்டது.

மறுநாள் வெங்கடேசன் கூப்பிட்டார். "ஏம்பா, ஏரி முன்னாடி நல்லா இருந்துச்சு, நாமதான் கெடுத்துட்டோம்னு சொல்றியா?"

"ஐயையோ, அப்படில்லாம் இல்ல சார். முன்னன்னா பழைய கேமரா, பின்னன்னா புது கேமரா. ரெண்டும் ஒரே நாள்ல எடுத்ததுதான். ஏரி எப்பவுமே இப்படித்தான் இருந்திருக்கு சார்!"

தவளை தன் வாயால் கெடும். வெங்கடேசனுக்கு முதல் குற்றச்சாட்டே எவ்வளவோ தேவலை என்று ஆகிவிட்டது. கொஞ்ச நேரம் நெற்றியைத் தடவினார். பிரச்சினையின் மூலகாரணத்தைக் கண்டுபிடிப்பதில் அவர் புலி, கண்டுபிடித்துவிட்டார். மூலகாரணம் புது கேமரா.

"நீ புதுசெல்லாம் வாங்காத. பழசுல ஒரு ஃபீல் இருக்குப்பா. சர்வீஸ் பண்ணு, கம்பெனி பாத்துக்கும். அதுலயே மறுபடி எடுத்து அதே குரூப்ல போடு. ஏரி நல்லாத்தான் இருக்குன்னு எல்லாரும் பாக்கட்டும். பெரிய ஃபிரேமா மாட்டிடலாம்."

இசக்கிக்குத் தலைகால் புரியவில்லை. பலகை பிழைத்தது! நேரே ஸ்ரீபெரும்புதூர் கடைக்குப் போனான். கடைக்காரர் லென்ஸைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். "உள்ள பூஞ்சை புடிச்சிருக்கு தம்பி. அதான் எல்லாம் பனி மாதிரி தெரிஞ்சிருக்கு. தொடச்சா இன்னும் பல வருஷம் ஓடும்."

ஹெட்லைட்டில் முடி அளவு கீறலையும் பிடித்துத் திருப்பி அனுப்புகிற இசக்கிக்குக் காது மடல் சுட்டது.

அடுத்த ஞாயிறு, பூஞ்சை துடைத்து வாங்கிய பழைய கேமராவோடு, கன்னியப்பனையும் கூட்டிக்கொண்டு ஏரிக்குப் போனான். நாரை நுரைக்குள் அலகை விட்டுத் துழாவியது, எடுத்து உதறியது, மறுபடியும் விட்டது. படத்தைப் பார்த்தான். நுரை, குழாய், எல்லாம் புதுக் கேமராவில் விழுந்த மாதிரியே விழுந்திருந்தன. அவனுக்கு வெட்கமாக இருந்தது. நாரை இந்தக் கண்றாவியில் நின்று இரை தேடியதைத்தானே அழகென்று சட்டம் போட்டு மாட்டக் கொடுத்திருக்கிறான்!

"போடாதடா" என்றான் கன்னியப்பன். "செவுத்துலேர்ந்து உம்பேர கழட்டிடுவானுங்க."

இசக்கி ஃபோனை உள்ளே வைத்தான், வெளியே எடுத்தான். நாரை இன்னொரு தரம் அலகை உதறியது. 'மேனேஜர் சார் சொன்னபடி, பழைய கேமராவில் எடுத்தது' என்று எழுதி அனுப்பிவிட்டான். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்கிறவரை யார் தடுப்பது?

திங்கட்கிழமை ரிசப்ஷனில் நாரை இல்லை, பலகையும் இல்லை. அதே ஆணியில் கடையில் வாங்கிய ஏதோ ஒரு வெளிநாட்டு அருவி தொங்கியது. இசக்கி அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"சரி, அப்ப புதுசு வாங்கப்போறியா இன்னா?" என்றான் கன்னியப்பன்.

"வேண்டாம்ணே. இதுலயே எல்லாம் நல்லாத் தெரியுது."