பீப்பாயில் இரண்டாவது படம்

பசையில் கலக்கும் ஹெக்சேன் தீப்பிடிக்கும் என்பதில் அந்தத் தொழிற்சாலையில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. ஒட்டுப் பகுதிக் கதவிலேயே, தீச்சுவாலை வரைந்த சிவப்புக் கரைச் சாய்சதுரம் இரண்டடி உயரத்துக்கு மாட்டியிருந்தது. மணல் வாளிகள் வரிசையாக நின்றன. கைபேசிகளை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். மாதத்துக்கு ஒரு தடவை அபாய மணியை அடித்து, உள்ளே இருக்கும் நூற்றுப்பத்துப் பெண்களையும் முற்றத்துக்கு ஓடவைத்து, எத்தனை நிமிடத்தில் வந்து சேர்ந்தார்கள் என்று முகாமையாளர் மயில்வாகனம் கடிகாரத்தைப் பார்ப்பார். கண்டிக்கு அருகே குண்டசாலைப் பக்கத்தில் இவ்வளவு ஒழுங்கான சப்பாத்துத் தொழிற்சாலை வேறில்லை என்று, பார்வையிட வந்தவர்களெல்லாம் சொல்லிவிட்டுத்தான் போனார்கள்.

சுந்தரிக்கும் மயில்வாகனத்துக்கும் பகை மூண்டது தீயினால் அல்ல.

சுந்தரி அங்கே ஆய்வுகூடத்தில் இருந்தாள். ஆய்வுகூடம் என்றால் ஒரு மேசை, ஓர் அலுமாரி, அவள். கண்டி நகரத்து மஹய்யாவையில் பிறந்து, மாநகரசபை வேலைக்காரரான அப்பாவின் ஒரே பிள்ளையாக வளர்ந்து, இரசாயனம் படித்துப் பட்டம் வாங்கியவள். அந்த வருடம், வெளிநாட்டில் சப்பாத்து வாங்குகிறவர்கள் ஒரு நிபந்தனை போட்டார்கள்: தொழிற்சாலையில் பாவிக்கும் ஒவ்வொரு இரசாயனத்துக்கும் ஆபத்துகளை முறைப்படி வகைப்படுத்திய தாள் ஒன்று வேண்டும், அது வேலை செய்கிறவர்களின் மொழியிலும் இருக்க வேண்டும். பசையைக் கரைக்கும் ஹெக்சேனுக்கான தாளைச் சுந்தரி எழுதத் தொடங்கினாள்.

முதலில் தீ. தீப்பற்றும் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே இருபத்திரண்டு பாகை. கண்டியின் எந்தக் குளிரிலும் மூடியைத் திறந்தால் போதும், ஆவி ஒரு பொறிக்காகக் காத்து நிற்கும். அந்த ஆவி காற்றை விடக் கனமானது. தரையோடு தவழ்ந்துபோய், தூரத்தில் இருக்கும் நெருப்பையும் தேடிப் பிடித்துவிடும். ஆகவே, தீப்பற்றும் திரவம், இரண்டாம் வகை. மயில்வாகனம் இதைப் படித்துத் தலையாட்டினார்.

பிறகு உடம்பு. தோலில் எரிச்சல். தலைசுற்றல், தூக்க மயக்கம். விழுங்கி அது நுரையீரலுக்குள் இறங்கினால் உயிராபத்து. பிள்ளைப்பேற்றைப் பாதிக்கலாம் என்ற சந்தேகம். அதற்கடுத்த வரியை எழுதும்போது சுந்தரியின் பேனா நின்றது. நீண்டகாலம் திரும்பத் திரும்பச் சுவாசித்தால் நரம்புகளைச் சேதப்படுத்தலாம். அதற்கென்று தனியாக ஒரு படம் இருந்தது. ஒரு மனித உருவம். நெஞ்சுக்குள் எதுவோ வெடித்துச் சிதறுவது போல வெள்ளை நட்சத்திரம்.

அவளுக்குப் பாப்பம்மாவின் நினைப்பு வந்தது. பாப்பம்மா அதே மஹய்யாவையில் நாலு வீடு தள்ளி இருப்பவள். ஆறு வருடமாக ஒட்டுப் பகுதியில் சப்பாத்தின் அடிப்பாகத்துக்குப் பசை பூசுகிறவள். கொஞ்ச நாளாகப் பஸ்ஸில் ஏறும்போது அவளுடைய செருப்பு கழன்று கீழே கிடக்கும். அவளுக்கு அது தெரியாது. யாராவது கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். பெண்கள் சிரிப்பார்கள். சீனி வருத்தமாக, நீரிழிவாக இருக்கும் என்றார்கள். சோதித்துப் பார்த்ததில் சீனி இல்லை. இப்போது நினைத்துப் பார்த்தால், படியிறங்கும்போது சுவரைப் பிடிக்கிறவர்கள் இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். நாலு பேருமே பசை பூசுகிறவர்கள்.

மறுநாள் காலை மயில்வாகனம் அவளைக் கூப்பிட்டார்.

"இரும்," என்று கதிரையைக் காட்டினார். தாளைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினார். நரம்பு வரியையும் அந்தப் படத்தையும் சிவப்பு மையால் குறுக்கே வெட்டியிருந்தார். "இந்தப் படம் என்னத்துக்கு?"

"விதியில இருக்கு சேர்."

"விதி எனக்கும் தெரியும். தீப்பிடிக்கும் எண்டு போடும். அது போதும். நெஞ்சு வெடிச்ச மனிசன்ரை படத்தைக் கதவில மாட்டினா நாளைக்கு ஒருத்தியும் உள்ளுக்குப் போகமாட்டாள்."

"காத்தை உறிஞ்சி வெளிய தள்ளுற விசிறி போட்டு, கையுறையும் சரியான முகமூடியும் குடுத்தா போவாங்க சேர். ஒட்டுற எடத்துல நாலு பேருக்குக் கால் விறைச்சுப் போயிருக்கு."

"நீர் டொக்டரோ?"

"இல்ல சேர்."

"அப்ப உம்மடை வேலையைப் பாரும்."

"இதுதான் சேர் என் வேலை."

மயில்வாகனம் மேசை லாச்சியை இழுத்து, ஒரு கோப்பிலிருந்து பழைய தாளொன்றை எடுத்து மேசையில் போட்டார். "இது ஆற்றை கையெழுத்து?"

அவளுடையதுதான். இரண்டு வருடத்துக்கு முன்பு, பழைய பசையை நிறுத்திவிட்டு ஹெக்சேன் கலந்த பசை வந்த சமயம், அவள் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வாரம். ஒரு கட்டுத் தாள்களைக் கொண்டுவந்து வைத்து, இன்றைக்கே வேண்டும் என்று அவர் தலைக்குமேல் நின்றார். ஒன்றன்பின் ஒன்றாகக் கையெழுத்திட்டாள். இப்போது படித்தாள். தீச்சுவாலை மட்டும் இருந்தது. உடல்நலம் என்ற இடத்தில், 'சாதாரண பாவனையில் குறிப்பிடத்தக்க ஆபத்து இல்லை.'

"அண்டைக்கு இல்லாத ஆபத்து இண்டைக்கு எங்கையிருந்து வந்தது? பிழை எண்டா பிழை விட்டது நீர். வெளியில வாயைத் திறந்தா முதல்ல வாறது உம்மடை பேர்தான்." அவர் தாளைப் பத்திரமாகக் கோப்புக்குள் வைத்தார். "யோசிச்சு நடவும்."

சுந்தரி எழுந்து வந்தாள். அந்த மனிதரை அவள் வெறுத்தாள். ஆனால் ஆய்வுகூடக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தபோது, நெஞ்சில் ஏறி அமர்ந்திருந்தது அவர் முகம் அல்ல, தன்னுடைய கையெழுத்து.

அன்று சாப்பாட்டு நேரத்தில் அவள் ஒட்டுப் பகுதிக்குப் போனாள். அவளுக்கு முன்பே செய்தி போய்விட்டிருந்தது. ஆய்வுகூடத்துக்காரி தொழிற்சாலையை மூடப் பார்க்கிறாள் என்று மேற்பார்வையாளர்கள் காலையிலேயே ஒவ்வொரு மேசையாகச் சொல்லி முடித்திருந்தார்கள்.

"அக்கா, குதிக்காலை ஊன்றி முன்பாதத்தைத் தூக்கி நில்லுங்க பார்ப்போம்," என்று பாப்பம்மாவிடம் கேட்டாள்.

"எதுக்கு?"

"இந்தப் பசைதான் காலுக்கு ஆகாம இருக்குமோன்னு..."

பாப்பம்மா சோற்றுப் பெட்டியை மூடினாள். "முந்தின பசை மூக்கைத் துளைக்கும். மத்தியானத்துக்குள்ள மண்டை வெடிச்சிரும். அப்ப நீ இல்ல, ஒருத்தரும் வந்து கேக்கல. இது லேசாப் பெற்றோல் மாதிரி மணக்குது, அவ்வளவுதான். இவ்வளவு லேசா மணக்குறது எப்பிடிடி காலைப் புடிக்கும்? ரெண்டெழுத்துப் படிச்சிட்டா எங்க பொழப்புல மண்ணள்ளிப் போடலாம்னு நெனைச்சியா?"

"அப்படி இல்லக்கா."

"எந்திரிச்சுப் போ. எங்க அடுப்பு ஒன் புத்தகத்துல எரியல."

மற்றவர்கள் முதுகைத் திருப்பிக்கொண்டார்கள். சாயந்தரம் பஸ்ஸில் அவளுக்கு யாரும் நகர்ந்து இடம் விடவில்லை. மஹய்யாவையில் பொதுக்குழாயில் அவள் வைத்த வாளியைத் தள்ளிவிட்டுப் பாப்பம்மாவின் தங்கை தன் குடத்தை வைத்தாள். அப்பா இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, "நாம இந்த எடத்துலதான் இருக்கணும், அதை மறந்துறாத," என்றார்.

அடுத்த வாரம் மயில்வாகனம் அவளைக் களஞ்சியத்துக்கு மாற்றினார். களஞ்சியப் பொறுப்பாளர் மக்கீன் அறுபதை நெருங்கியவர்; எல்லோரும் அவரை அண்ணன் முறையில் 'நானா' என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைக் கண்டதும் அவர் முகம் சுருங்கியது.

"இங்க என்னத்துக்கு வந்த தங்கச்சி? கரச்சலைக் கூட்டிட்டு என்ட எடத்துக்கு வராத."

"நான் கேட்டு வரல, அனுப்பினாங்க."

"அப்ப அந்த மூலைல இரி. ஒண்டையும் தொடாத."

அவள் மூலையில் இருந்தாள். பன்னிரண்டு நாள் இருந்தாள். விடாமல் மழை பெய்த ஒரு வெள்ளிக்கிழமை கூரை ஒழுகியது. பின்வரிசையில் வெறுமையாகிக் கிடந்த ஹெக்சேன் பீப்பாயொன்றின் மீது தண்ணீர் வடிந்து, கம்பனி லேபலின் ஒரு முனை ஊறிப் புடைத்திருந்தது. அதன் அடியில் இன்னொரு சிவப்புக் கரை தெரிந்தது.

சுந்தரி நகத்தால் நெம்பினாள். ஈரத்தில் மேல்தாள் தோலுரிவது போல வழுக்கிக்கொண்டு வந்தது. அடியில், சரக்கு அனுப்பியவர்களே ஒட்டிய லேபல் பழுதில்லாமல் இருந்தது. தீச்சுவாலை. அதற்குப் பக்கத்தில் நெஞ்சு வெடித்த மனிதன்.

மக்கீன் பின்னால் வந்து நின்றதை அவள் கவனிக்கவில்லை.

"நானா, இதுக்கு மேல ஒட்டினது யாரு?"

"நான்தான்."

"ஏன்?"

"ஒட்டச் சென்னாங்க. ஒட்டினேன்." அவர் தொண்டையைச் செருமினார். "ரெண்டு வருசமா வந்த ஒவ்வொரு பீப்பாக்கும் என்ட கையாலதான் ஒட்டீக்கி. அதுல என்ன எழுதீக்கின்டு எனக்கு வாசிக்கத் தெரியா. கேக்கவும் இல்ல. நீ அதத் திரும்ப ஒட்டிட்டு வா."

"ஒட்ட மாட்டேன்."

"அப்ப நான் ஒண்டும் காணல்ல," என்று அவர் அப்பால் போனார்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு அபாய மணி அடித்தது. பெண்கள் முற்றத்துக்கு ஓடி வந்தார்கள். மயில்வாகனம் கடிகாரத்தோடு நின்றார். கடைசியாக வந்த பாப்பம்மாவின் கால்கள் ஒன்றோடொன்று தட்டிக்கொண்டன. கொங்கிறீட் தரையில் கைகளை ஊன்றி விழுந்தாள்.

"உம்மாலைதான் எல்லாரும் பிந்தினது," என்றார் மயில்வாகனம்.

களஞ்சியத்திலிருந்து தள்ளுவண்டியின் சத்தம் கேட்டது. சுந்தரி வெறும் பீப்பாயை அதில் வைத்து முற்றத்தின் நடுவுக்குத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"இது சரக்கு அனுப்புனவங்க ஒட்டின லேபல். இதை மறைச்சு மேல நம்ம லேபலை ஒட்டியிருக்காங்க. தீப்பிடிக்கும்னு மட்டும் போட்டு. இந்த ரெண்டாவது படம் நாள்பட மூச்சுல இழுத்தா நரம்பு கெட்டுப் போகும்னு சொல்லுது. கால் விறைப்பு அதுலதான் தொடங்கும்."

"அதை உள்ளுக்குக் கொண்டு போம்," என்றார் மயில்வாகனம்.

யாரும் அசையவில்லை. பாப்பம்மா தரையில் இருந்தபடியே கேட்டாள்: "இது ஒனக்கு எப்ப இருந்து தெரியும்?"

"ஒரு மாசமா."

"அவவைக் கேளுங்கோ," என்றார் மயில்வாகனம், எல்லோருக்கும் கேட்கும்படி. "ரெண்டு வருசத்துக்கு முதல் ஒரு ஆபத்தும் இல்லை எண்டு கையெழுத்து வச்சது ஆர் எண்டு கேளுங்கோ."

நூற்றுப்பத்து முகங்களும் திரும்பின.

"நான்தான் வச்சேன்," என்றாள் சுந்தரி. "வாசிக்காம வச்சேன்."

பாப்பம்மா பக்கவாட்டில் காறித் துப்பினாள். "அவரு மறைச்சாரு, நீ கையெழுத்து வச்ச. ரெண்டு பேரும் ஒரு குட்டையில ஊறுன மட்டைதான்." பக்கத்தில் நின்றவளின் தோளைப் பிடித்து எழுந்து, பெண்கள் பக்கம் திரும்பினாள். "உள்ள போகாதீங்க. நான் போகமாட்டேன்."

அன்று ஒருத்தியும் உள்ளே போகவில்லை. மறுநாளும் முற்றத்திலேயே இருந்தார்கள். மூன்றாம் நாள் தொழில் திணைக்களத்திலிருந்து பரிசோதகர் ஒருவர் வந்தார். மயில்வாகனம் எல்லாவற்றுக்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார். லேபல் விஷயத்தில் மட்டும் மக்கீன் குறுக்கே வந்து, "நான் ஒட்டினேன், இவர்தான் ஒட்டச் சென்னார்," என்று சொல்லிவிட்டு, கேள்விக்குக்கூடக் காத்திராமல் போய்விட்டார்.

இரண்டு மாதத்துக்குள் உறிஞ்சு விசிறிகள் வந்தன. கதவில் இரண்டாவது படமும் ஏறியது. ஒன்பது பெண்களுக்கு நரம்புப் பரிசோதனையில் பாதிப்பு இருப்பது தெரிந்து, அவர்களை ஹெக்சேன் இல்லாத பகுதிக்கு மாற்றினார்கள். அவர்களில் அதிகம் பாதிக்கப்பட்ட பாப்பம்மா மட்டும் வேலைக்கு வராமல் வீட்டில் நின்றாள். மயில்வாகனத்தைக் கொழும்புத் தலைமை அலுவலகத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். சுந்தரிக்கு ஒரு கடிதம் வந்தது: தவறான ஆபத்துத் தாளில் கையெழுத்திட்ட காரணத்தால் வேலையிலிருந்து நீக்கப்படுகிறாள். அதில் பொய் ஒன்றும் இல்லை என்பதால் அவள் எதிர்த்து எழுதவில்லை. நாவலப்பிட்டியில் ஒரு தனியார் வகுப்பில் இரசாயனம் படிப்பிக்கப் போனாள்.

பசையை விட்டு விலகியும் பாப்பம்மாவின் கால் தேறவில்லை; மோசமானது. ஆவியைச் சுவாசிப்பதை நிறுத்திய பிறகும் சில மாதம் இப்படிக் கூடிவிட்டுத்தான் குறையத் தொடங்கும் என்று வைத்தியர் விளக்கினார். பாப்பம்மா அதை நம்பவில்லை. சனிக்கிழமைகளில் அவளை உடற்பயிற்சிச் சிகிச்சைக்குக் கூட்டிப் போகச் சுந்தரி முச்சக்கர வண்டியோடு வந்து நிற்பாள். முதல் இரண்டு வாரமும் பாப்பம்மா கதவைத் திறக்கவில்லை. மூன்றாவது வாரம், தங்கை வேலைக்குப் போய்விட்டதால், வேறு வழியில்லாமல் வெளியே வந்தாள்.

"உள்ள இருந்தப்பகூட நடந்தேன். நீ வெளிய இழுத்துப் போட்ட பொறகுதான் படுத்துட்டேன்," என்றாள், படியின் விளிம்பில் நின்று.

"கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும்னு டொக்டர் சொன்னாரேக்கா."

"ஒன் எழுத்தையும் நம்பல, ஒன் டொக்டரையும் நம்பல. ஒன்னை நான் மன்னிக்கவும் இல்ல. தெரிஞ்சுக்க."

"தெரியும்."

"தெரிஞ்சா சரி. கையைப் புடி, படி வழுக்குது."

முச்சக்கர வண்டியில் ஒருவரோடொருவர் பேசவில்லை. அந்தச் சனிக்கிழமையும், அதற்குப் பிறகு வந்த முப்பது சனிக்கிழமைகளும் அப்படியே போயின. அடுத்த வருடம் சித்திரை கழிந்து ஒரு நாள், பாப்பம்மாவின் வலதுகால் பெருவிரல் அவள் நினைத்தபடி மேலெழுந்தது. அதை அவள் தங்கையிடம் சொன்னாள், கடைக்காரரிடம் சொன்னாள், குழாயடியில் நின்ற எல்லோரிடமும் சொன்னாள். சுந்தரிக்கு அந்தச் செய்தியை அப்பாதான் வந்து சொன்னார்.